ஸ்டாக் படமும் வீடியோவும் விற்பவர்கள், மனதை விட்டுப் போகாத ஒரு நிகழ்வைச் சொல்லுங்கள்

கோலப்பொடி:

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு நடந்தது. இன்னும் உறுத்துகிறது, அதனால்தான் தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஜவுளிக்கடை. 2017 முதல் அவர்களுடைய பொங்கல் ஃபிளெக்ஸில் பெரும்பாலும் என் படம்தான் இருக்கும். என்னிடம் நேராக வாங்கியதில்லை. ஃபிளெக்ஸ் அடிப்பவர் ஒரு ஸ்டாக் தளத்தில், அதாவது நாம் ஏற்றி வைக்கிற படங்களை யார் வேண்டுமானாலும் காசு கட்டி எடுத்துக்கொள்ளும் இணையதளத்தில், சந்தா வைத்திருந்தார், அதிலிருந்து எடுத்துப் போடுவார். ஒரு டவுன்லோடுக்கு எனக்கு வருவது சென்ட் கணக்கு. 2020 ஜூனில் தளம் பங்கு முறையை மாற்றிய பிறகு அதுவும் இன்னும் குறைந்துபோனது, இங்கே எல்லோருக்கும் தெரியும். காசுக்காக இதை எழுதவில்லை. அந்தப் படங்களில் இருப்பது எங்கள் வாசல், எங்கள் பானை, அம்மா போட்ட கோலம். ஃபிளெக்ஸ் கட்டியதும் அம்மாவை வண்டியில் கூட்டிப்போய்க் காட்டுவது வீட்டில் வழக்கமாகிவிட்டது.

இந்த வருடமும் போனோம். பானை பளபளவென்று இருந்தது, கரும்பு நெட்டையாக நின்றது, பின்னால் சூரியன். எங்கள் பானை இல்லை. அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கையை நீட்டி, காற்றிலேயே ஒரு விரலால் அந்தச் சிக்குக் கோலத்தின் இழையைப் பிடித்துக்கொண்டு போனார். ஒரு புள்ளியைச் சுற்றினார், அடுத்ததைச் சுற்றினார், மூன்றாவதில் விரல் நின்றுவிட்டது. "இங்க வந்து இழை எங்கடா போச்சு?"

இழை எங்கேயும் போகவில்லை. பானைக்கு அடியில் மங்கி முடிந்துவிட்டது. மூன்று புள்ளிகள் வெளியே சும்மா கிடந்தன. சிக்குக் கோலம் போடுகிறவர்களுக்குத் தெரியும், தொடங்கின இடத்துக்கே இழை வந்து சேர வேண்டும், ஒரு புள்ளியும் விடுபடக் கூடாது.

ஃபிளெக்ஸ்காரரிடம் கேட்டேன், சண்டைக்குப் போகவில்லை. "சந்தாவை நிறுத்திட்டேன் சார். இப்ப ஏஐகிட்ட கேட்டா போன்லயே வரைஞ்சு வந்துருது. யாரு நின்னு புள்ளிய எண்ணப் போறாங்க?" என்றார். நல்ல மனிதர். அம்மா எண்ணினார் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அளம்:

கோலப்பொடி, இதைப் படித்த பிறகு என்னுடையதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் வீடியோ மட்டும். தூத்துக்குடிப் பக்கம் உப்பளம், 2018 ஏப்ரல், காலை ஆறரை மணி வெளிச்சம். ஒரு அக்கா பாத்தியில் பலகை போட்டு உப்பு வாருகிறார். 14 நொடி, 4கே. என் கிளிப்புகளில் அதிகம் விற்றது அதுதான். படத்தில் இருப்பவர் அதைப் பயன்படுத்தச் சம்மதம் சொல்லும் ரிலீஸ் படிவம் ஆங்கிலத்தில் இருந்ததால் வாயால் விளக்கினேன். "இந்தப் படம் எங்க போகும் தம்பி?" என்று கேட்டார். "விளம்பரத்துக்கு, டாக்குமெண்டரிக்கு. வெளிநாட்டுல கூடப் போடுவாங்கக்கா" என்றேன். கையெழுத்துப் போட்டார், 500 ரூபாய் கொடுத்தேன்.

போன வருடம் வருமானப் பக்கத்தில் ஒரு புது வரி இருந்தது. அது விற்பனை இல்லை. ஏஐ பயிற்சிக்குக் கொடுத்த தொகுப்பில் என் பங்கு, 212 கிளிப்புக்கும் சேர்த்து 9 டாலர் சொச்சம். வேண்டாம் என்று சொல்ல செட்டிங்கில் ஒரு பொத்தான் இருந்திருக்கிறது. நாம் தொடாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்களாம்.

அன்று ராத்திரி, எழுதிக் கேட்டால் வீடியோ உருவாக்கித் தரும் ஒரு ஏஐ மாடலில் "உப்பளத்தில் வேலை செய்யும் தென்னிந்தியப் பெண், அதிகாலை" என்று எழுதிப் பார்த்தேன். எட்டு நொடி வந்தது. முகம் அந்த அக்கா இல்லை. ஆனால் பலகையை இழுத்து முடித்ததும் அவர் இடது முழங்கையை மடக்கி நெற்றியைத் துடைப்பார். உள்ளங்கையெல்லாம் உப்பு, கண்ணில் பட்டால் எரியும், அதனால் முழங்கை. அது அப்படியே இருந்தது. என் கிளிப்பிலிருந்து வந்தது என்று நான் நிரூபிக்க முடியாது. உப்பளத்தில் எல்லோரும்தான் அப்படித் துடைப்பார்கள். ஆனாலும் அந்த எட்டு நொடியை இருபது தடவையாவது நிறுத்தி நிறுத்திப் பார்த்திருப்பேன்.

"எங்க போகும்" என்ற கேள்விக்கு நான் சொன்ன பதில் இப்போது பொய்யாகிவிட்டது.

பச்சைவயல்:

அளம் அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ஒரு இடத்தில் ஒத்துப்போக முடியவில்லை. 2018லும் அந்தக் கிளிப் எந்த விளம்பரத்துக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. உரம் விற்பவரும் வாங்கலாம், சோப்பு விற்பவரும் வாங்கலாம். ஸ்டாக் என்றாலே எங்கே போகும் என்று தெரியாமல் கொடுப்பதுதானே? இப்போது மட்டும் பொய்யாகிவிட்டது என்றால் எப்படி?

நான் அந்தப் பக்கம் இருந்தவன், அதையும் சொல்லிவிடுகிறேன். 2022 டிசம்பரில், ஏஐ என்று குறித்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்வோம் என்று அடோபி ஸ்டாக் அறிவித்ததும் இறங்கினேன். ஒரு வருடத்தில் ஏறக்குறைய 3,000 படம். கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. விற்கவும் செய்தது.

பள்ளிப் பாட வழிகாட்டி போடும் ஒரு பதிப்பகத்திலிருந்து மெயில் வந்தது. ஆற்றங்கரை வயலில் பெண்கள் வரிசையாக நடவு நடுகிற படம், அவர்களுடைய டிசைனர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஏஐ என்ற குறிப்பு அவர்கள் கைக்கு வந்து சேரவில்லை போல. "படத்துக்குக் கீழே இடத்தின் பெயர் போட வேண்டும். இது காவிரியா, தாமிரபரணியா? எந்த ஊர் என்று தெரிவிக்கவும்."

"அது எந்த ஆறும் இல்லை" என்று தட்டச்சு செய்துவிட்டு, அனுப்பாமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். என் சொந்த ஊர் திருவையாறு. வீட்டை விட்டு இறங்கி நடந்தால் காவிரி.

அனுப்பினேன். வேறு படம் பார்த்துக்கொள்கிறோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அந்த வாரமே கேமராவோடு வயலுக்குப் போனேன். நடவு முடிந்து இருபது நாள் ஆகியிருந்தது. களை எடுப்பதுதான் கிடைத்தது.

முப்பத்தைந்து எம்எம்:

தம்பிகளா, என் கதை சின்னது. 1998ல் என் காளைமாட்டு ஸ்லைடு ஒன்று சிவகாசியில் காலண்டராக வந்தது. போன வருடம் அந்த அச்சகக்காரரின் மகன் போனில் ஏஐ வரைந்த ஒரு காளையைக் காட்டி, "திமில் சரியா இருக்கா ஐயா?" என்று கேட்டான். திமில் நடு முதுகில் இருந்தது. சொன்னேன். திருத்தி அடித்துவிட்டான்.

சரி, அது போகட்டும். நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பதற்றம் புதிது இல்லை. 2000ல் கனடாவின் கால்கரியில் ஐஸ்டாக் என்ற ஸ்டாக் தளம் தொடங்கியபோது ஸ்லைடு விற்றவர்கள் எல்லோரும் தொழில் முடிந்தது என்றார்கள். 2006ல் பெரிய பட நிறுவனமான கெட்டி அதை 5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2003ல் ஜான் ஓரிங்கர் தானே எடுத்த 30,000 படங்களை வைத்து ஷட்டர்ஸ்டாக்கைத் தொடங்கி மாதச் சந்தாவைக் கொண்டுவந்தார், அப்போதும் முடிந்தது என்றார்கள். 2013ல் அன்ஸ்பிளாஷ் இலவசமாகவே கொடுத்தது. 2021ல் அதையும் கெட்டியே வாங்கிக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் விலை விழுந்தது. ஒவ்வொரு தடவையும் பொதுவான படம் எடுத்தவர்கள்தான் முதலில் போனார்கள். கைகுலுக்கும் கோட்டு சூட்டு, வெள்ளைப் பின்னணியில் ஆப்பிள், மேகம், கடல் அலை, இதையெல்லாம் இன்றோடு விடுங்கள். மெஷினுக்கு அது கைவந்த வேலை.

எடிட்டோரியலுக்கு வாருங்கள். எந்த ஊர், எந்தத் தேதி, என்ன நடந்தது என்று தலைப்புக்குறிப்பில் எழுதிக் கொடுக்கிற படம் அது. விளம்பரத்துக்கு ஆகாது, ஆனால் பத்திரிகைக்கும் பாடநூலுக்கும் அதுதான் வேண்டும். பொது இடத்தில் எடுத்ததற்கு ரிலீஸும் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். பச்சைவயல் தம்பி, உனக்கு வந்த மெயிலே இதற்குச் சாட்சி. தஞ்சைப் பெரிய கோயில் போலத் தொல்லியல் துறைப் பராமரிப்பில் உள்ள இடங்களில் கேமரா முக்காலி வைப்பதற்கு முன் அனுமதி வாங்கிவிடுங்கள்.

கீவேர்டை ஆங்கிலத்தில் எழுதினாலும் நம் சொல்லையும் எழுத்துக்கூட்டிப் போடுங்கள். "அரிசி உணவு" என்று போடுகிறவர்கள் ஆயிரம் பேர். "புட்டு", "இடியாப்பம்" என்று தேடி வருகிறவர்தான் வாங்க வருகிறவர்.

வரிப் படிவம் டபிள்யூ-8பென் நிரப்பாமல் விட்டால் அமெரிக்க வருமானத்தில் 30 சதவீதம் பிடிப்பார்கள். இந்தியாவில் இருந்து பான் எண்ணோடு நிரப்பினால் ராயல்டிக்கு ஒப்பந்தப்படி 15. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு அந்த ஒப்பந்தம் இல்லை.

வெட்டி ஒதுக்கிய ஃபுட்டேஜை அழிக்காதீர்கள். 2024ல் அடோபி, சாதாரண மனிதர்கள் நடப்பது, சிரிப்பது, பொருளை எடுப்பது போன்ற காட்சிகளை ஏஐ பயிற்சிக்காக நிமிடத்துக்குச் சராசரியாக 3 டாலர் அளவில் வாங்கியது என்று ப்ளூம்பெர்க் எழுதியது. விற்காத கிளிப்புக்கும் ஒரு வழி இருக்கிறது. கெட்டியும் வழக்குப் போட்டிருக்கிறது, அது ஜெயித்தால் பழைய படங்களுக்கும் சேர்த்து நமக்குப் பங்கு வரும். பயப்படாதீர்கள்.

சாட்சிக்கூண்டு:

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் அந்தக் கடைசி வரியை நம்பி யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது.

ஏஐ பட மாடல் உருவாக்கிய ஸ்டெபிலிட்டி ஏஐ நிறுவனத்தின் மீது கெட்டி லண்டனில் போட்ட வழக்கில் 2025 நவம்பரில் தீர்ப்பு வந்துவிட்டது. பயிற்சி இங்கிலாந்தில் நடந்ததாகக் காட்ட முடியாததால் அந்த முக்கியமான பகுதியைக் கெட்டியே விசாரணையின்போது கைவிட்டது. மாடலுக்குள் படங்களின் நகல் சேமித்து வைக்கப்படவில்லை என்பதால் மிச்சமிருந்த பதிப்புரிமை வாதமும் நிற்கவில்லை. சில படங்களில் கெட்டியின் வாட்டர்மார்க் வந்ததற்காக மட்டும், வணிகச் சின்னத்தின் கீழ், கொஞ்சம் கிடைத்தது. அமெரிக்க வழக்கு தனி. அது ஜெயித்தாலும் தோற்றாலும் பணம் நம் கணக்குக்கு வரும் என்று எங்கேயும் எழுதியில்லை. 2025 ஜனவரியில் கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் சேரப்போவதாக அறிவித்ததை நினைத்துப் பாருங்கள். பெரியவர்கள் ஒன்றாகிறார்கள், நாம் தனித்தனியாக நிற்கிறோம்.

எனக்கென்று கதை இல்லை. 2019ல் 1,400 படம் ஏற்றினேன், போன மாதம் கணக்கை மூடினேன். மூடும்போது "உறுதியாகவா?" என்று ஒரு பெட்டி வந்தது. ஆம் என்பதை அழுத்த அரை மணி நேரம் ஆனது.

கோவை டிசைனர்:

நான் வாங்குகிற பக்கம். இங்கே யாரும் எங்களைப் பற்றிப் பேசாததால் எழுதுகிறேன்.

கோலப்பொடி, உங்கள் ஃபிளெக்ஸ்காரர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மருத்துவமனை விளம்பரத்துக்கு நம்மூர் செவிலியர் முகம் வேண்டும் என்று ஸ்டாக் தளங்களில் ஒரு முழு மத்தியானம் தேடியிருக்கிறேன். வெள்ளைக்காரர்கள் வருவார்கள், "இந்தியா" என்று சேர்த்தால் வடக்கத்தி முகங்கள் வரும். நம்மைப் போல் ஒருவர் வர ஏழாவது எட்டாவது பக்கம் போக வேண்டும், அதிலும் பாதி ஸ்டுடியோவில் கோட்டு மாட்டி நிற்கிற மாடல். ஏஐ ஐந்து நிமிடத்தில் கொடுத்தது. வேறு வழி இருந்திருந்தால் வாங்கியிருப்பேன்.

ஆனால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பம்ப் செட் தயாரிக்கிற ஒரு வாடிக்கையாளர். கேட்லாக் அட்டைக்குத் தோட்டம், கிணறு, பம்ப், பாய்கிற தண்ணீர் என்று ஒரு படம் உருவாக்கிக் கொண்டுபோனேன். அழகாக இருந்தது, எனக்கே பெருமை. பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். படத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். "இதுல தண்ணி எந்தப் பக்கமா உள்ள வருது?"

பார்த்தேன். வெளியே போகிற குழாய் மட்டும்தான் இருந்தது. உள்ளே வருவதற்கு வழியே இல்லை. அவர் திட்டவில்லை. "நாப்பது வருசமா இதத்தான் பண்ணிட்டிருக்கேன் கண்ணு" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்புக்கு ஆள் அனுப்பி எடுத்தோம். எடுத்தவருக்கு 6,000 ரூபாய் கொடுத்தோம். எத்தனை டவுன்லோடு ஆனால் அந்தத் தொகை வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். மோட்டார், தறி, கிரைண்டர், விசைப்படகு என்று சரியாக எடுத்து வைத்திருப்பவர்கள் எங்களை மாதிரி ஆட்களுக்கு நேராக ஒரு ஃபோல்டர் அனுப்புங்கள். தளம் நடுவில் வேண்டாம். உண்மையாகவே கேட்கிறேன்.

கோலப்பொடி:

டிசைனர் சார், மெயில் ஐடியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். சாட்சிக்கூண்டு, அந்த 1,400 படங்களின் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

அளம் அண்ணா, அந்த அக்காவிடம் திரும்பப் போனீர்களா? அதை நீங்கள் சொல்லவில்லை.

அளம்:

போனேன். எழுத வேண்டாம் என்று நினைத்திருந்தேன், நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். பச்சைவயல் தம்பிக்கும் இதுவே என் பதில்.

மார்ச் மாதம், வாருகிற வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. மத்தியானச் சோற்றுக்கு உட்காரும்வரை காத்திருந்தேன். போனில் இரண்டையும் காட்டினேன், என் 14 நொடி, மெஷினின் எட்டு நொடி. இரண்டையும் பார்த்தார். மெஷின் கொடுத்ததைத் திரும்பப் போடச் சொன்னார். "இது யாரு?" என்றார். யாரும் இல்லை, கம்ப்யூட்டர் வரைந்தது என்றேன். "யாருமே இல்லையா? அப்ப எதுக்கு நெத்தியத் தொடைக்குது?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் அதற்குமேல் கேட்கவும் இல்லை, தூக்குச்சட்டியை மூடிவிட்டு எழுந்தார்.

விளம்பரத்துக்குப் போகும் என்று நான் சொன்னபோது அவருக்கு விளம்பரம் என்றால் என்ன என்று தெரியும். டிவியில் பார்த்திருக்கிறார். தெரிந்த ஒன்றுக்குத்தான் கையெழுத்துப் போட்டார். இதற்கு நான் கேட்கவே இல்லை. இரண்டும் ஒன்று இல்லை தம்பி.

கிளம்பும் முன் ஒரு காகிதம் கொடுத்தேன். தமிழிலேயே எழுதிய படிவம், விளம்பரத்துக்குச் சரியா, செய்திக்குச் சரியா, மெஷின் பயிற்சிக்குச் சரியா என்று மூன்று தனித்தனிக் கட்டம். முதல் இரண்டிலும் டிக் போட்டார். மூன்றாவதை விட்டுவிட்டார். அந்தக் கணக்கிலிருந்து உப்பளத்துக் கிளிப்புகள் அத்தனையும் எடுத்துவிட்டேன், மீதிக்கு ஏஐ பயிற்சி வேண்டாம் என்று செட்டிங்கில் மாற்றிவிட்டேன். ஏற்கெனவே போனது போனதுதான், திரும்ப வராது. அந்த 9 டாலரை ரூபாயாக்கி அவரிடமே கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, என்ன கணக்கு என்று இரண்டு தடவை கேட்டார்.

படிவம் வேண்டும் என்பவர்கள் சொல்லுங்கள், அனுப்புகிறேன். சட்டம் தெரிந்தவர் யாராவது, சாட்சிக்கூண்டு நீங்களே, மூன்றாவது கட்டத்தின் வாசகத்தை ஒருமுறை பார்த்துத் திருத்திக் கொடுத்தால் நன்றாக இருக்கும். மழைக்கு முன்னால் இன்னொரு தடவை அங்கே போகிறேன்.