கௌதாரி இறகும் ஆரஞ்சுப் பட்டும்: வெட் ஃப்ளை கட்டியவர்களின் அனுபவங்கள்

வார்ஃப்கரை எழுதியது:

பணி நிமித்தமாக லீட்ஸ் நகரில் குடியேறிய பிறகே ட்ரவுட் மீனைப் பிடிக்க நீருக்குள் அமிழவிடும் வெட் ஃப்ளைகளைக் கட்டப் பழகினேன். யார்க்‌ஷயர் பள்ளத்தாக்குகளில் ஓடும் வார்ஃப், யூர், நிட் ஆறுகளில் தலைமுறைகளாகப் பயன்பட்டுவரும் இந்தச் செயற்கைப் பூச்சிகளில் தூண்டில் முள், பட்டு நூல், ஓர் இறகு, சிலவற்றில் சிட்டிகையளவு மென்மயிர் ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் இல்லை. 1885ஆம் ஆண்டில் டி. இ. பிரிட் தொகுத்து வெளியிட்ட 62 ஃப்ளைகளுள் பலவும் இத்தகையவையே. பொருள் குறைவு என்பதால் வேலையும் எளிது என்று எண்ணியிருந்தேன். அது தவறு என்பது ஓர் ஏப்ரல் மாதப் பிற்பகலில் தெரிந்தது.

அன்று பர்ன்சால் பாலத்துக்குச் சற்றுக் கீழே கரும்பச்சை மேஃப்ளைகள் நீர்ப்பரப்புக்கு எழுந்துகொண்டிருந்தன. மீன்களும் அவற்றை விடாமல் தின்றுகொண்டிருந்தன. அந்தப் பூச்சிக்கெனவே அமைந்த வாட்டர்ஹென் ப்ளோவா என் பெட்டியில் இருந்தது. ப்ளோவா என்பது ஈயத்தைப் போன்ற நீலச்சாம்பல் நிறத்துக்கு வட இங்கிலாந்தில் வழங்கிய பழைய சொல். மஞ்சள் பட்டில் மோல் என்னும் வளைதோண்டும் சிறு விலங்கின் மயிரைத் திரித்து உடல் அமைத்து, தாழைக்கோழிச் சிறகின் உட்புறத்துச் சிற்றிறகை அதன் முன்னால் சுற்றியிருந்தேன். ஒரு மணி நேரம் வீசியும் ஒரு மீன்கூட அதைத் தொடவில்லை.

கரையில் நின்றிருந்த முதியவர் ஒருவர் என் ஃப்ளையை வாங்கிப் பார்த்துவிட்டு, தம்முடைய ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். அதன் இறகு இழைகளை நின்ற இடத்திலேயே எண்ணிவிட முடிந்தது. மயிரின் ஊடாகப் பட்டின் மஞ்சள் தெளிவாகத் தெரிந்தது. நான் இறகை நான்கு சுற்றுச் சுற்றி, பட்டு முழுவதும் மறையும்படி மயிரை அப்பியிருந்தேன். அவர் தந்ததை நரம்பில் முடிந்து மேல்நீரை நோக்கி வீசிய சிறிது நேரத்தில் முக்கால் அடி நீளமுள்ள ட்ரவுட் ஒன்று அதை எடுத்தது. அதை ஆற்றிலேயே விட்டுவிட்டேன்.

அன்றிரவு இரண்டு ஃப்ளைகளையும் ஒரு கண்ணாடிக் குவளை நீரில் இட்டுக் கலக்கிப் பார்த்தேன். என்னுடையது நனைந்த பஞ்சுபோல் ஒட்டிக்கொண்டது. அவருடையதில் ஒவ்வோர் இழையும் தனித்தனியே விரிந்தும் குவிந்தும் அசைந்தது. கூட்டுறையிலிருந்து வெளிவரத் திணறும் பூச்சியின் கால்கள் அவ்வாறுதான் அசைகின்றன. சேவலின் கழுத்திறகு விறைப்பானது. கௌதாரி, தாழைக்கோழி, உள்ளான் ஆகியவற்றின் இறகுகள் மென்மையானவை என்பதால்தான் அந்தக் காலத்துக் கைதேர்ந்தவர்கள் அவற்றைத் தேடிச் சென்றிருக்கிறார்கள். அந்த மென்மை வேலை செய்வதற்கு இழைகளுக்கிடையே இடம் வேண்டும்.

அதன்பின் பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சு ஃப்ளையைக் கட்டும்போது நான் கடைப்பிடிக்கும் முறை இது. 14ஆம் எண் முள்ளில் ஆரஞ்சுப் பட்டை நெருக்கமாகச் சுற்றி, முள்ளின் நுனிக்கு நேர்மேலே உடலை நிறுத்திவிடுவேன். சாம்பல் கௌதாரியின் முதுகிலுள்ள பழுப்புப் புள்ளி இறகில் அடிப்பஞ்சை உருவிவிட்டு, நுனிப்பக்கமாகக் கட்டி, ஒன்றரைச் சுற்றோடு முடித்துவிடுவேன். இரண்டு சுற்றுக்கு மேல் ஒருபோதும் போவதில்லை. பட்டு நனைந்ததும் அதன் ஆரஞ்சு ஆழ்ந்து செம்பழுப்பாக மாறுவதைக் கண்ட நாள் முதல், செயற்கை நூலுக்கு நான் திரும்பவில்லை. மஞ்சள் பட்டுக்கு, செருப்புத் தைப்போர் நூலில் பூசும் கருமெழுகைத் தடவினால் அது ஆலிவ் பச்சையாகும். வாட்டர்ஹென் ப்ளோவாவின் நிறம் பாதி அந்த மெழுகிலிருந்தே வருகிறது.

ட்வீட் நதி எழுதியது:

நான் ஸ்காட்லாந்தின் பீபிள்ஸ் ஊருக்கு அருகில் மீன்பிடிப்பவன். இங்கே வழக்கம் சற்று வேறு. 1857இல் டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் என்னும் தூண்டில்காரர் எழுதி வைத்த முறைப்படி, ஸ்டார்லிங் பறவையின் சிறு கருப்பிறகைப் பழுப்புப் பட்டோடு சேர்த்து முறுக்கி, உடலின் முன்பாதி முழுவதும் சுற்றுகிறோம். முறுக்குவதால் ஈர்க்கு பட்டுக்குள் பொதிந்துவிடும். ஆகையால் மீனின் பல்பட்டு எளிதில் அறுவதில்லை. முதல் முறை அவசரமாக முறுக்கியபோது ஈர்க்கு ஒடிந்து, ஐந்து இறகுகள் வீணாயின. விரல்களைச் சற்று ஈரமாக்கிக்கொண்டு, இறகுக்குச் சுமை தராமல் பட்டை மட்டும் இறுக்கிப் பிடித்தால் ஒடியாது. சுற்று அதிகமானாலும் இழைகள் குட்டையாக இருப்பதால் அடர்த்தி தெரிவதில்லை.

உள்ளான் சிறகு எழுதியது:

உள்ளான் இறகும் ஊதாப் பட்டும் கொண்ட ஸ்னைப் அண்ட் பர்ப்பிள் ஃப்ளையைக் கட்டுவதற்காக வேட்டைப் பறவைகள் விற்கும் இறைச்சிக் கடையில் ஓர் இணை உள்ளான் சிறகுகளைக் கேட்டு வாங்கி, அப்படியே மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். மூன்று மாதம் கழித்துத் திறந்தபோது அந்துப்பூச்சியின் புழுக்கள் இழைகளை அரித்துவிட்டிருந்தன. பக்கத்திலிருந்த கௌதாரித் தோலும் போயிற்று. சாம்பல் கௌதாரி பிரிட்டனின் வயல்களில் வெகுவாக அருகிவிட்ட பறவை என்பதால் அந்த இழப்பு இன்றும் மனத்தை உறுத்துகிறது. இப்போது புதிதாக வரும் எந்த இறகையும் நெகிழிப் பையில் இறுகக் கட்டி, இரண்டு வாரம் உறைபெட்டியில் வைத்த பிறகே மற்றவற்றோடு சேர்க்கிறேன். பழைய பட்டியல்களில் வரும் டாட்டரல் பறவையின் இறகை மட்டும் யாரும் தேட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது சட்டப் பாதுகாப்புப் பெற்ற அரிய பறவை. வெளிர்பழுப்பு நிறமுள்ள வளர்ப்புக் கோழியின் மெல்லிறகை அதற்கு மாற்றாகக் கொண்டு நான் கட்டியவற்றை மீன்கள் தயங்காமல் எடுக்கின்றன.