ஹெர்னியாவுக்குப் போனேன், குடல்வாலும் சேர்ந்து போனது

வலது பக்கம், அடிவயிறும் தொடையும் சேரும் இடத்தில் எலுமிச்சை அளவு வீக்கம். ஹெர்னியா, அதாவது குடலிறக்கம். படுத்தால் உள்ளே போய்விடும், இருமினால் எட்டிப் பார்க்கும். வலி இல்லாததால் இரண்டு வருடம் கண்டுகொள்ளவில்லை. ஒரு நாள் காலை அது உள்ளே போகவே இல்லை. தொட்டால் உயிர் போகிற வலி. குடல் மாட்டிக்கொண்டிருக்கலாம் என்று அன்றே ஆபரேஷன். "மெஷ் (செயற்கை வலை) வைத்து மூடிவிடுவோம்" என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

மயக்கம் தெளிந்ததும் டாக்டர் வந்தார். "ஹெர்னியாப் பைக்குள் இருந்தது உங்கள் குடல்வால் (அப்பெண்டிக்ஸ்). அழற்சியாகி வீங்கியிருந்தது, எடுத்துவிட்டோம். மெஷ் வைக்கவில்லை." அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்குப் பகீர் என்றது. ஏதோ சொதப்பிவிட்டார்கள் என்றே நினைத்தேன். மறுநாள்தான் கேட்கத் தைரியம் வந்தது. அழற்சி உள்ள இடத்தில் மெஷ் வைத்தால் கிருமி அதில் ஒட்டிக்கொள்ளும், பிறகு மெஷ்ஷையே வெளியே எடுக்க வேண்டிவரலாம். அதனால் தசையை இழுத்துத் தைத்திருக்கிறோம் என்றார். இதில் ஹெர்னியா திரும்ப வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்பதையும் மறைக்கவில்லை. மூன்று வருடம் ஆகிறது, வரவில்லை. ஆனால் இருமல் வந்தால் கை தானாக அங்கே போய்விடுகிறது.

வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

மறுமொழி 1:
நடந்தது எனக்கில்லை, நான் அறுவைப் பயிற்சியில் உதவிக்கு நின்ற ஒரு கேஸில். இதற்கு அமியாண்ட் ஹெர்னியா என்று பெயர். கிளாடியஸ் அமியாண்ட் என்ற அறுவை மருத்துவர் 1735-ல் லண்டனில் 11 வயதுப் பையனுக்கு இப்படி ஒரு அறுவை செய்தார். ஹெர்னியாப் பைக்குள் குடல்வால், அதைத் துளைத்துக்கொண்டு ஒரு குண்டூசி! மயக்க மருந்து இல்லாத காலம், பையன் எப்படித் தாங்கினானோ. பிழைத்துக்கொண்டான். வெற்றிகரமாகக் குடல்வாலை நீக்கியதாகப் பதிவான முதல் அறுவை அதுதான். நாங்கள் பார்த்தவருக்குக் குடல்வால் நல்ல நிலையில் இருந்தது. உள்ளே தள்ளிவிட்டு மெஷ் வைத்தோம். பையைத் திறக்கும்வரை எங்களுக்கும் தெரியாது.

மறுமொழி 2:
என் அப்பாவுக்கு சிடி ஸ்கேனிலேயே தெரிந்துவிட்டது. அதனால் மெஷ் வைப்பார்களா மாட்டார்களா என்று முன்கூட்டியே பேச முடிந்தது. உங்களுக்கு அவசரத்தில் அதற்கு நேரம் இருந்திருக்காது.

பதிவிட்டவர்:
ஆமாம், ஸ்கேனுக்கெல்லாம் நிற்கவில்லை. அப்புறம், அந்தக் குண்டூசி விஷயத்தைப் படித்ததிலிருந்து, நான் சின்ன வயதில் என்னவெல்லாம் முழுங்கினேன் என்று அம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.