மன்னிப்பு கிடைத்துவிட்டது, போன மானம் வருமா? அண்ணனுக்காகக் கேட்கிறேன்

குடியாத்தம் தங்கை

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இது என் பெரிய அண்ணனுடைய விஷயம். அவர் வாயைத் திறந்து யாரிடமும் கேட்க மாட்டார், அதனால் நான் கேட்கிறேன்.

எங்கள் கிராமச் சபையில் அண்ணன் பல வருஷம் பொருளாளராக இருந்தார். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை. ஆர்டர் இல்லாமல் சம்பளம் இழுபறியான சமயத்தில் அண்ணிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் வந்தது. அறுப்பின் பண்டிகை ஏலப் பணம் அண்ணனிடம்தான் இருந்தது. அதிலிருந்து 40,000 ரூபாய் எடுத்துவிட்டார். கணக்குக் கேட்டபோது மழுப்பவில்லை, எடுத்தேன் என்று ஒத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு அறிவிப்பு நேரத்தில், மொத்தச் சபைக்கும் முன்னால் அவர் பெயரைச் சொல்லி, பொறுப்பிலிருந்து நீக்கியாயிற்று, அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற திருவிருந்தில் சேரக் கூடாது என்று வாசித்தார்கள். அம்மா அன்றைக்குப் பெண்கள் பக்கம் முன்பாயில் உட்கார்ந்திருந்தார்.

அண்ணியின் கம்மலும் என் வளையலும் அடகுக்குப் போயின. பணம் முழுவதும் கட்டியாயிற்று. கட்டியது ஆயர் வீட்டு முன்னறையில். ஆயர் ரசீது எழுதிக் கொடுத்து, ஜெபம் பண்ணி, "கர்த்தர் மன்னித்துவிட்டார், நிம்மதியாகப் போங்க" என்றார். அதோடு சரி. சபைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணன் இன்றும் செருப்பு விடுகிற வாசல் ஓரமாகத்தான் உட்காருகிறார். திருவிருந்து ஞாயிறு என்றால் பாதியில் எழுந்து போய்ப் புங்கமரத்தடியில் நின்றுகொள்கிறார். ஆயரைக் கேட்டேன். "நான் தடுக்கவில்லையேம்மா, வரலாமே" என்கிறார்.

தை மாதம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் சபையில் அறிக்கை வாசிப்பார்கள், இன்னாருடைய மகள் என்று. "அதே இடத்திலிருந்து மறுபடியும் என் பேரை வாசிக்கப் போறாங்க" என்று இப்போதே சரியாகச் சாப்பிடுவதில்லை.

பாவமன்னிப்பைப் பற்றிக் கேட்ட பிரசங்கத்துக்குக் கணக்கில்லை. போன மானம் திரும்பி வருவதைப் பற்றி வேதத்தில் ஏதாவது இருக்கிறதா? அதை எதிர்பார்ப்பது பெருமையா?

ஆம்பூர் விசுவாசி

சகோதரி, யோவான் 12:43 பாருங்கள். "அவர்கள் தேவனால் வருகிற மகிமையிலும் மனுஷரால் வருகிற மகிமையை அதிகமாய் விரும்பினார்கள்." தேவன் மன்னித்த பிறகு மனுஷர் முகத்தை ஏன் பார்க்க வேண்டும்? லூக்கா 19-இல் வரி வசூலிக்கிற சகேயு அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, நாலு மடங்காக, திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். உங்கள் அண்ணன் எடுத்ததை மட்டும்தான் கொடுத்திருக்கிறார். தாழ்மையாக இருக்கட்டும், ஏற்ற காலத்தில் கர்த்தர் உயர்த்துவார்.

குடியாத்தம் தங்கை

ஐயா, சகேயு ஆயக்காரருக்குத் தலைவன், ஐசுவரியவான். எங்கள் வீட்டில் இருந்தது ஒரு ஜோடிக் கம்மல். அது போகட்டும். சகேயு ஒரு காசு கொடுப்பதற்கு முன்னாலேயே, அவரைப் பார்க்க ஏறிய மரத்தில் அவன் இருக்கும்போதே, உன் வீட்டில் தங்க வேண்டும் என்று இயேசு கூட்டத்துக்கு நடுவில் கூப்பிட்டுவிட்டார். பாவியின் வீட்டுக்குப் போகிறாரே என்று ஊரே முறுமுறுத்த பிறகும், "இவனும் ஆபிரகாமுக்குக் குமாரனாயிருக்கிறானே" என்று சொன்னார். சகேயுவுக்கு அந்த வார்த்தை எதற்கு? மன்னிப்பு மட்டும் போதும் என்றால் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

கரிகிரி பழைய ஆள்

அம்மா, நான் பிரசங்கி இல்லை. வேலூர் பக்கம் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நோய் பாவம் அல்ல, உங்கள் அண்ணன் காரியம் வேறு. ஆனாலும் ஒதுக்கப்பட்டவன் திரும்பி வருகிற பாதையில் இரண்டுக்கும் ஒரு ஒற்றுமை இருக்கிறது.

பால் பிராண்டு டாக்டர் 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயில் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். விரல் நிமிர்ந்தது, நோய் நின்றது, ஆனால் ஊருக்குப் போனவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. கை நேரானதால் பிச்சைகூடக் குறைந்துவிட்டது என்று சிலர் திரும்பி வந்து சொன்னார்களாம். அதற்கப்புறம்தான் அவர்களுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுக்க மறுவாழ்வு மையம் வைத்தார்கள். கரிகிரி ஆஸ்பத்திரி பிறகு 1955-இல் தொடங்கியது. சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டு மருந்து சிகிச்சையில் முழுக்கக் குணமாகிற நோய் என்று 1980-களிலிருந்தே தெரியும். நம் கிறிஸ்தவர்களுக்கான 1869 விவாகரத்துச் சட்டத்தில் 2019 வரைக்கும் அந்த நோய் ஒரு காரணமாக இருந்தது! உடம்பு குணமாவது ஒன்று, ஊர் சேர்த்துக்கொள்வது இன்னொன்று.

இயேசுவுக்கு இது தெரிந்திருந்தது. மாற்கு 1-இல் குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்கினார். சுகமாகிவிட்டதே, வீட்டுக்குப் போ என்று சொல்லவில்லை. போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி என்றார். ஏன் என்று லேவியராகமம் 14 வாசித்தால் தெரியும். யாரும் வாசிக்காத அதிகாரம், ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. தீட்டுள்ளவன் என்று தீர்ப்புச் சொல்லி, ஜனங்கள் தங்கிய பாளயத்துக்கு வெளியே அனுப்பியவர் பலி செலுத்துகிற குருவான ஆசாரியர். சுத்தம் என்று சொல்ல வேண்டியவரும் அதே ஆசாரியர். அதற்காக அவர் பாளயத்துக்கு வெளியே அவன் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும். எட்டாம் நாளில் அவனுடைய வலது காது மடலிலும், வலது கைப் பெருவிரலிலும், வலது கால் பெருவிரலிலும் இரத்தம் பூசி, அதன்மேல் எண்ணெய் பூசுவார். லேவியராகமம் 8-இல் ஆரோனை ஆசாரியனாக்கும்போது இரத்தம் பூசியதும் இதே மூன்று இடங்களில்தான். நேற்று வரை தீட்டு, தீட்டு என்று கத்திக்கொண்டு நடந்தவனுக்குப் பிரதான ஆசாரியனுக்குச் செய்த மரியாதை.

ஆயர் தடுக்கவில்லை என்றால் மட்டும் போதாது, அம்மா. அவர் புங்கமரத்தடிக்கு வர வேண்டும்.

சத்துவாச்சாரி அக்கா

ஐயா சொன்னது நெஞ்சைத் தொட்டது. ஆனால் ஒரு பொம்பளையாக நான் பயப்படுவதையும் சொல்லிவிடுகிறேன். மறுபடியும் முன்னால் நிறுத்தி, "இவர் பணம் எடுத்தார், கட்டிவிட்டார்" என்று வாசித்தால் என்ன ஆகும்? நடந்தது தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கும் புதிதாக வந்த மருமகள்களுக்கும் அன்றைக்குத்தான் தெரியும். சம்பந்தி வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். தங்கச்சி, உன் அண்ணி என்ன சொல்கிறாள்? கம்மல் அவளுடையது.

பெரும்பாடுள்ள ஸ்திரீயைக் கூட்டத்தில் நிறுத்தி "என்னைத் தொட்டது யார்" என்று கேட்டாரே, அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும். 12 வருஷம் மறைத்த இரத்தப்போக்கு வியாதி. பின்னால் வந்து இயேசுவின் வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்டுச் சுகமாகிவிட்டு நழுவிப் போக நினைத்தவளை விட்டிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் அவர் விசாரித்தது குற்றம் கண்டுபிடிக்க இல்லை. ஜெபஆலயத் தலைவன் யவீரு மகள் சாகக் கிடக்கிறாள் என்று பரபரத்துக்கொண்டு நிற்கிறான். அவனைக் காக்க வைத்துவிட்டு, இவளை "மகளே" என்று கூப்பிட்டார். அந்த ஒரு வார்த்தையைச் சபை கேட்டால் போதும். பழைய கதையைத் திரும்பப் பாட வேண்டாம்.

குடியாத்தம் தங்கை

அண்ணியும் அதையேதான் சொல்கிறார் அக்கா. "ஆறின புண்ணைக் கிளறாதே" என்கிறார். ஆனால் ஆறவில்லையே! அண்ணன் சாப்பிடுகிற லட்சணத்தை அவரும்தானே பார்க்கிறார். அண்ணனிடம் கேட்டால், "வாசற்படியில இடம் குடுத்ததே பெரிசு" என்கிறார்.

வாலாஜா வாசகர்

எங்கள் சபையில் ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிக்கிறவன் நான். உங்கள் அண்ணன் சொன்ன அந்த வாசற்படி வார்த்தை மாதிரி ஒன்று லூக்கா 15-இல் இருக்கிறது. அப்பாவிடம் சொத்தில் பங்கு வாங்கிப் போய் அழித்துவிட்ட இளைய குமாரன், பன்றி மேய்க்கிற இடத்தில் பேச்சு தயார் பண்ணுகிறான். பாவம் செய்தேன், மகன் எனப்பட நான் பாத்திரன் அல்ல, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து சொல்லும்போது கடைசி வரி வெளியே வருவதில்லை. அதற்குள் அப்பா வேலைக்காரரைக் கூப்பிட்டு வஸ்திரம், மோதிரம், பாதரட்சை, கொழுத்த கன்று என்று அடுக்குகிறார். பையன் எவ்வளவு அழித்தான் என்று அப்பா வாயிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கணக்கைப் பேசுகிறவன் மூத்தவன் மட்டும்தான். அவன் விருந்துக்கு உள்ளே போனானா என்று இயேசு சொல்லாமலே விட்டுவிட்டார். நம் கமிட்டிகளுக்காகத்தான் விட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அக்காவின் பயத்துக்குப் பதில் பேதுருவிடம் இருக்கிறது. பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் கரிநெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டு இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தான். யோவான் 21-இல் உயிர்த்தெழுந்த இயேசு நிற்கிற கரையில் மறுபடியும் கரிநெருப்பு, அதன்மேல் மீன். சாப்பிட்டு முடிந்ததும் என்னை நேசிக்கிறாயா என்று மூன்று தரம் கேள்வி, மூன்று தரமும் ஒரு வேலை: ஆடுகளை மேய். மறுதலித்தாயே என்று அவர் ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. குற்றத்தின் பெயரைச் சொல்லாமலே இழந்த இடத்தைக் கொடுத்துவிட்டார். வேறு சில சீஷர்களும் அன்றைக்குக் கரையில் இருந்தார்கள்.

ஆயரிடம் பேச வசனம் வேண்டும் என்றால் 2 கொரிந்தியர் 2:6-8 எடுத்துப் போங்கள். கொரிந்து சபை ஒருவனைத் தண்டித்தது. அந்தத் தண்டனையே போதும், அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு அவனுக்கு மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்று பவுல் எழுதுகிறார். அந்தக் கடிதம் போனது முழுச் சபைக்கும். தண்டித்தது சபை, ஆகவே ஆறுதல் செய்ய வேண்டியதும் சபை. முன்னறையில் ஆயர் தனியாகச் செய்து முடிக்கிற காரியம் இல்லை அது.

கமிட்டியிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். கல்யாண அறிக்கைக்கு முன்னால் வருகிற ஒரு திருவிருந்து ஞாயிறு உங்கள் அண்ணன் வேதபாடம் வாசிக்கட்டும். அறிவிப்பில் ஒரே வரி: "நம் சகோதரர் இன்று முதல் திருவிருந்தில் சேருகிறார், சபை அவரை அன்போடு வரவேற்கிறது." பணம், ரசீது, தேதி எதுவும் வேண்டாம். ஆயர் கீழே இறங்கி வாசல் பக்கம் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போகட்டும். கொஞ்ச நாள் கழித்துக் காணிக்கைப் பையும் அவர் கையில் கொடுக்கலாம்.

ஆம்பூர் விசுவாசி

மற்றதெல்லாம் சரி. காணிக்கைப் பையை மட்டும் கொடுக்காதீர்கள். பாவம், அவரையே சோதனைக்குள் தள்ளுவது போல ஆகும்.

கரிகிரி பழைய ஆள்

நான் அதைத்தான் முதலில் கொடுப்பேன்.

குடியாத்தம் தங்கை

பைக்குச் சண்டை போடாதீர்கள் ஐயா, அண்ணனே அதைத் தொட மாட்டார். வேதபாடம் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். "எந்த அதிகாரம்" என்று கேட்டார். சனிக்கிழமை அண்ணியும் நானும் கமிட்டிச் செயலாளர் வீட்டுக்குப் போகிறோம். ஆயர் வாசல் வரை வருவாரா என்பதுதான் சந்தேகம். ஆயரம்மாவிடம் முதலில் பேசலாம் என்று இருக்கிறேன்.