கோதுமையும் கூடாது, பாலும் கூடாதாம்: ஆறு வயசுப் பையனுக்கு என்னதான் கொடுக்கிறது?

கேள்வி: ரெண்டு_வாலுங்க_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். பெரியவனுக்கு ஆறு வயசு. ரொம்ப நாளா எடையே ஏறலை. கை கால் குச்சி, வயிறு மட்டும் உப்பல், எப்பப் பார்த்தாலும் சோர்வு. ரத்தப் பரிசோதனை, பயாப்ஸி எல்லாம் முடிஞ்சு சீலியாக்னு சொல்லிட்டாங்க, குளூட்டன்ங்கிற தானியப் புரதம் சேராம குடல் கெடற நோயாம். அந்தப் புரதம் இருக்கிற கோதுமை, பார்லி, ரை மூணும் ஆயுசுக்கும் கிடையாது. கூடவே “பாலையும் நிறுத்தவும்”னு ஒரு வரி. அந்த ஒரு வரிதான் என்னைப் போட்டுப் படுத்துது.

குளூட்டனை மட்டும்னா அரிசி, சோளம், உருளைக்கிழங்கு, முட்டைன்னு ஓட்டிடுவேன். பாலும் இல்லைங்கும்போது கை உடைஞ்ச மாதிரி இருக்கு. குளூட்டன் இல்லாத பிஸ்கட்டுன்னு தேடிப் பிடிச்சு வாங்கினா, பின்னாடி பால் பவுடர்னு போட்டிருக்கான். பால் இல்லாததா எடுத்தா அது மைதா.

சின்னவனுக்கு மூணு வயசு. கையில ரொட்டியோடதான் வீடு பூரா சுத்துவான், போற இடமெல்லாம் தூள். பெரியவன் கேட்கவும் மாட்டேங்குறான், அழவும் மாட்டேங்குறான். தம்பி வாயையே பார்த்துட்டு இருக்கான். அடம் பிடிச்சாக்கூடத் தேவலைன்னு இருக்கு.

அதனால வீட்டுல எல்லாருக்குமே கோதுமையும் பாலும் நிறுத்திடலாமான்னு யோசிக்கிறேன். இவர் வேண்டாங்கிறார். எங்க மாமியார் “ஒரு வாய் கொடுத்தா என்ன ஆயிடப்போகுது”ங்கிறாங்க. பால் இல்லாம எலும்புக்கு என்ன பண்றது? பிறந்தநாள் விழாவுக்கு அனுப்புறதா வேண்டாமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பதில்: காலைநடை

கவலைப்படாதீங்க சிஸ்டர். லாக்டோஸ், அதான் பால் சர்க்கரை, இல்லாத பால் கிடைக்குது, அதைக் கொடுங்க. இல்லைன்னா ஆட்டுப்பால். எங்க சொந்தத்துல ஒரு பையனுக்கு அப்படித்தான் சமாளிக்கிறாங்க.

பதில்: மாவரைக்கிறவள்

காலைநடை அண்ணா, கொஞ்சம் பொறுங்க. அம்மா, நீங்களும் ஆட்டுப்பாலைத் தேடிக் கிளம்பிடாதீங்க. முதல்ல டாக்டர்கிட்ட ஒரே ஒரு கேள்வி: பால் எதுக்காகக் கூடாது? லாக்டோஸ் செரிக்காததாலயா, இல்லை பால் புரதத்துக்கு ஒவ்வாமையா? பதிலை எழுதி வாங்கிக்கோங்க. மிச்சமெல்லாம் அதைப் பொறுத்துதான்.

என் பொண்ணுக்கு அஞ்சு வயசுல சீலியாக் வந்தது, இப்ப பதினாலு. அவளுக்கும் இதே மாதிரி பாலை நிறுத்தினாங்க. காரணம் இதுதான். சிறுகுடல் உள்பக்கம் பூரா விரல் மாதிரி சின்னச் சின்ன நீட்டல்கள் இருக்கும். பால்ல இருக்கிற லாக்டோஸைச் செரிக்க வைக்கிற லாக்டேஸ்ங்கிற நொதி, அதோட நுனியிலதான் இருக்கு. சீலியாக்ல அந்த விரல்கள் தேஞ்சு மட்டமாயிடும், நுனியே இல்லாதப்ப பால் எப்படிச் செரிக்கும்? உப்புசம், பேதி. குளூட்டனை ஒழுங்கா நிறுத்தினா அது திரும்ப வளரும், சில மாசத்துல பாலும் ஒத்துக்க ஆரம்பிச்சுடும். இவளுக்கு முதல்ல தயிர், அப்புறம் கொஞ்சம் பால்னு டாக்டர் சொல்லச் சொல்லத் திரும்பக் கொடுத்தோம். உங்க பையனுக்கும் இதுதான்னா, அண்ணா சொன்ன லாக்டோஸ் இல்லாத பால் சரி.

ஒவ்வாமைன்னா கதையே வேற. அங்க உடம்பு எதிர்க்கிறது கேசீன், வே மாதிரி புரதத்தை. லாக்டோஸை எடுத்தாலும் புரதம் அப்படியே இருக்கும். ஆட்டுப்பால் புரதமும் பசும்பால் புரதத்துக்குக் கிட்டத்தட்ட ஒண்ணு, பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவும் சேராது. சில குழந்தைகளுக்கு மூச்சே திணறும். அந்த வீட்டுல பாலை எப்படி வைக்கிறதுங்கிறது டாக்டரும் நீங்களும் உட்கார்ந்து பேச வேண்டியது.

இதனாலதான் ரெண்டையும் ஒரே பட்டியல்ல போட்டு அவன்கிட்ட “இதெல்லாம் உனக்குக் கூடாது”ன்னு சொல்லாதீங்கன்னு கெஞ்சிக் கேட்கிறேன். குளூட்டன் என்னைக்கும் கிடையாது. பால் அநேகமா இப்போதைக்குத்தான். ஆறு வயசுக்கு இந்த வித்தியாசம் புரியும். என் பொண்ணுக்குப் புரிஞ்சது. பால் வாசம் வந்தா “குடல் ஆறட்டும்”னு அவளே சொல்லிட்டு நகர்ந்துடுவா. கோதுமைக்கு அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வருவோம். எல்லாரையும் பட்டினி போட வேண்டாம், ஆனா கோதுமை மாவு அடுப்படியை விட்டுப் போகணும். தின்கிற ரொட்டியை விட அளக்கிற மாவுதான் தொல்லை. பறந்து எல்லாத்துமேலயும் படியும். சின்னவன் ரொட்டியை ஒரு இடத்துல உட்கார வச்சுக் கொடுங்க, முடிஞ்சதும் துடைச்சுடுங்க. டோஸ்டர், வடிகட்டி, மரக்கரண்டி பெரியவனுக்குத் தனி. கண்ணுள்ள வடிகட்டியை எவ்வளவு கழுவினாலும் பாஸ்தா மிச்சம் அதுல ஒளிஞ்சிருக்கும். ஜாம் பாட்டில்கூடத் தனியா இருக்கட்டும், ரொட்டியில தடவின கத்தி திரும்ப உள்ள போகும் இல்ல? பொரிச்ச எண்ணெயும் அப்படித்தான், சூட்டுல குளூட்டன் அழிஞ்சுடாது.

உங்க மாமியாருக்கு: குளூட்டன் இல்லைன்னு லேபிள் போட ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு கோடெக்ஸ்ங்கிற சர்வதேச உணவுத் தரத்துல எழுதி வச்சிருக்காங்க. அதாவது ஐம்பதாயிரத்துல ஒரு பங்கு. “ஒரு வாய்”ங்கிறது அதுக்குப் பக்கத்துல மலை. வெளியே ஒண்ணும் தெரியலைன்னாலும் உள்ள குடல் தேயும். இதை நீங்க சொன்னா வாக்குவாதம். அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டுப் போய் டாக்டர் வாயால சொல்ல வையுங்க.

எலும்பு: நாலுல இருந்து எட்டு வயசுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம்னு எங்க டயட்டீஷியன் கணக்கு. கால்சியம் சேர்த்த சோயா பால் எங்களுக்கு ஒத்துவந்தது, புரதமும் பசும்பாலுக்குக் கிட்ட வரும். பாதாம் பால் பெரும்பாலும் தண்ணி, ஒரு கப்புல ஒரு கிராம் புரதம் இருந்தா பெரிசு. அரிசிப் பாலை இந்த வயசுல தினசரிப் பாலா வைக்காதீங்க, அரிசியில இருக்கிற ஆர்சனிக்ங்கிற நச்சுப்பொருள்தான் காரணம். எந்தப் பால் டப்பாவா இருந்தாலும் நல்லா குலுக்குங்க, கால்சியம் அடியில தங்கிடும். வைட்டமின் டி, இரும்பு ரெண்டையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்க.

லேபிள் படிக்க அவனையே பழக்குங்க. இவ ஏழு வயசுல ஒரு தானியப் பாக்கெட்டைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு, எழுத்துக்குக் கீழ விரலை நகர்த்தி நகர்த்தி வந்து ஒரு இடத்துல நிறுத்தினா. “மால்ட். இது பார்லிதானே?” நான் அதைத் தாண்டிப் போயிருந்தேன். முன்பக்கம் கொட்டை எழுத்துல “கோதுமை இல்லை”. கோதுமை இல்லைன்னா குளூட்டன் இல்லைன்னு அர்த்தம் இல்லை, அதுதான் வியாபார சாமர்த்தியம். செமோலினா, டுரம், ஸ்பெல்ட், கூஸ்கூஸ் எல்லாம் கோதுமை வம்சம். சோயா சாஸ்லயும் பெரும்பாலும் கோதுமை உண்டு. ஓட்ஸ் தன்னளவுல வேறதான், ஆனா வயல்லயும் மில்லுலயும் கோதுமையோட கலந்துடும், அதனால டாக்டர் சொல்ற வரைக்கும் வேண்டாம். பால் பக்கம் பார்க்க வேண்டியது கேசினேட், வே, பால் திடப்பொருள்.

கேக்: அரிசி மாவோட கொஞ்சம் உருளைக்கிழங்கு மாவு, இழுவைக்கு இசப்கோல். கலந்த கையோட அடுப்புல வைக்காதீங்க, அரை மணி நேரம் ஊறட்டும். இல்லைன்னா மணல் மாதிரி உதிரும்.

பதில்: மேல்படுக்கை

நான் பிள்ளையைப் பெற்றவன் இல்லை, சீலியாக்கோடு வளர்ந்தவன். இரண்டு விஷயம் மட்டும்.

வீடு முழுக்க கோதுமையை நிறுத்துவதற்கு முன்னால் சின்னவனுக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், நீங்கள் இருவரும் கூட. கூடப்பிறந்தவர்களுக்கும் பெற்றோருக்கும் இது இருக்க ஏறக்குறைய பத்தில் ஒரு வாய்ப்பு. அந்தப் பரிசோதனை பார்ப்பது குளூட்டனால் உண்டாகும் எதிர்ப்புப் பொருளை. சாப்பிடுவதையே நிறுத்திவிட்டால் நோய் இருந்தாலும் ‘இல்லை’ என்று வந்துவிடும். பிறகு உறுதிப்படுத்த, வாரக்கணக்கில் கோதுமையைத் திரும்பச் சாப்பிட வைப்பார்கள். என் அக்கா அப்படி அவஸ்தைப்பட்டாள்.

பிறந்தநாளுக்கு அனுப்புங்கள். கேக் துண்டுகளை உறைபெட்டியில் வைத்திருந்து கொடுத்தனுப்புங்கள், அந்த வீட்டு அம்மாவிடம் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடுங்கள். எல்லாரும் கேட்க “ஐயோ பாவம், இவன் இதெல்லாம் சாப்பிடமாட்டான்” என்று மட்டும் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குக் கேக் கிடைக்காததை விட அந்த “ஐயோ பாவம்”தான் கசந்தது.

பதில்: மாவரைக்கிறவள்

தம்பி சொன்ன பரிசோதனை விஷயம்தான் முதல்ல. மாவை வெளியேத்தறது அதுக்கப்புறம் இருக்கட்டும், அதுவரைக்கும் சின்னவன் ரொட்டியைத் தின்னட்டும்.

பதில்: ரெண்டு_வாலுங்க_அம்மா

ரொம்ப நன்றி. சின்னவனுக்கு ரத்தம் எடுக்க நேரம் வாங்கிட்டேன். பால் எதுக்குன்னு கேட்டேன், லாக்டோஸ்தானாம், அடுத்த பரிசோதனைக்கு அப்புறம் பார்க்கலாம்னாங்க. பெரியவன்கிட்ட “பால் இப்போதைக்குத்தான்”னு சொன்னதும் “அப்ப ஐஸ்கிரீம்?”னான். இத்தனை நாள் கழிச்சு இப்பத்தான் ஒண்ணு கேட்கிறான்!

இன்னொரு சந்தேகம், பள்ளிக்கூடத்துல உருட்டி விளையாடற வண்ண மாவு கொடுக்கிறாங்களே, அது பரவாயில்லையா?

பதில்: மாவரைக்கிறவள்

பிளே-டோவுல கோதுமை இருக்கு. தொட்டா ஒண்ணும் ஆகாது, கை வாய்க்குப் போனாத்தான் வம்பு. சோப்புப் போட்டுத் தண்ணியில கழுவச் சொல்லுங்க, சானிடைசர் குளூட்டனைக் கழுவாது. டீச்சர்கிட்ட கேட்டா நீங்களே அரிசி மாவுல பிசைஞ்சு கொடுத்துடலாம். ஐஸ்கிரீமுக்கு வரும்போது கோனைப் பாருங்க, அது கோதுமை. கப்புல வாங்குங்க.