பாமினி எழுத்துருவில் கிடக்கிற பழைய இணையதளத்தைப் புதுசாக்கணும்: எதிலிருந்து தொடங்க?

முக்கூடல்_இலை கேட்டது:

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். முக்கூடல், பாப்பாக்குடி வட்டாரத்துல பீடி சுத்துற பெண்களோட உரிமைக்காக வேலை பாக்குற ஒரு அமைப்பின் தளத்தைப் புதுப்பிக்கணும். இப்போ நிலைமை இது: பாதிப் பக்கம் பாமினிங்கிற பழைய தமிழ் எழுத்துருவுல இருக்கு, மீதி ஸ்கேன் பண்ணின பிடிஎஃப். டொமைன் (தளத்தோட இணையப் பேர்) முன்னாடி தன்னார்வலரா இருந்த ஒருத்தர் பேர்ல இருக்கு. நாங்க கேட்டா கொடுத்துருவார். மின்னஞ்சலும் அதே டொமைன்லதான் ஓடுது.

நிர்வாகக் குழு கேக்குறது: முதல் பக்கத்துல ஓடுற படங்கள், நன்கொடை பட்டன், தமிழும் இங்கிலீசும். வளைகுடாவுல இருக்குற ஊர்க்காரங்க பணம் அனுப்பத் தயாரா இருக்காங்க. அமைப்புக்கு 80ஜி (நன்கொடை கொடுக்குறவங்களுக்கு வரிச்சலுகை) உண்டு, எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு கிடையாது. தளம் கட்ட வேர்ட்பிரஸ் மென்பொருள் போதுமா? எந்த வேலையை முதல்ல எடுக்கலாம்?

பொருநைக்கரை:

டிசைனைத் தொடாதீங்க. முதல் வேலை டொமைன். அது அமைப்பு கைக்கு வராம மத்ததெல்லாம் வாடகை வீட்டுக்கு வெள்ளையடிக்குற கதைதான்.

பழைய ரிஜிஸ்ட்ராரிலேயே (டொமைனைப் பதிவு செஞ்சு கொடுக்குற நிறுவனம்) அமைப்பு பேர்ல ஒரு கணக்கு திறந்து, டொமைனை அதுக்கு மாத்தச் சொல்லுங்க. வேற ரிஜிஸ்ட்ராருக்குக் கொண்டுபோற எண்ணமிருந்தா முன்கூட்டியே கேட்டுக்கிடுங்க. உரிமையாளர் விவரம் மாறினா 60 நாள் பூட்டி வைக்கிற வழக்கம் உண்டு. கணக்குக்குக் கொடுக்குற மின்னஞ்சல் அதே டொமைன்ல இருக்கவே கூடாது. டொமைன் காலாவதியானா அந்த மின்னஞ்சலும் சேர்ந்து செத்துரும், மீட்கிற கடிதம் வந்து சேர இடமிருக்காது. ரெண்டு பொறுப்பாளருக்கு நுழைவு கொடுங்க, அஞ்சு வருஷத்துக்குச் சேர்த்துப் பணம் கட்டிருங்க. காலாவதியான அமைப்பு டொமைன்களைச் சூதாட்டத் தளக்காரன் வாங்கிப் போட்டுக்கிடுறது சகஜம்.

அடுத்தது மின்னஞ்சல். டொமைன் பதிவுகளை வச்சிருக்குற நேம்சர்வரை மாத்தின அன்னைக்குத் தளம் அழகா வரும், அஞ்சல் நின்னுபோகும். ஏன்னா அஞ்சல் எங்க போகணும்னு சொல்ற எம்எக்ஸ் பதிவு தானா கூட வராது. மாத்துறதுக்கு முன்னாடி பழைய டிஎன்எஸ்ல (டொமைனோட பதிவேடு) இருக்குற எம்எக்ஸ், அஞ்சல் போலி இல்லைன்னு காட்டுற எஸ்பிஎஃப், டிகிம் ஆக மூணையும் புது இடத்துல அப்படியே எழுதி வையுங்க. டிடிஎல்-ஐ (பதிவை மத்த சர்வருங்க நினைவுல வச்சிருக்குற நேரம்) முந்தின நாளே 300 நொடிக்குக் குறைச்சுட்டா, தப்பு நடந்தாலும் அஞ்சு பத்து நிமிஷத்துல பதிவைத் திருத்திரலாம். நேம்சர்வர் மாத்தம் மட்டும் பரவ ஒரு நாள்கூட ஆகும், அதனால வெள்ளிக்கிழமை சாயங்காலம் கைவைக்காதீங்க.

வடக்குரத_வீதி:

பாமினி விஷயம் நான் சொல்லுதேன், ஏன்னா நிறைய பேர் இங்கதான் கெடுத்துக்கிடுதாங்க.

திரையில ‘அம்மா’னு தெரியிறது உள்ளுக்குள்ள எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்கிற அஞ்சு ஆங்கில விசைதான். கூகுள் அதைத்தான் படிக்கும். ‘பீடி பென்சன்’னு தேடுற ஒரு அக்காவுக்கு உங்க தளம் எந்தக் காலத்திலயும் அகப்படாது. கைப்பேசியில அந்த எழுத்துரு இல்லேன்னா வெறும் இங்கிலீஷ் எழுத்தா நிக்கும்.

யூனிகோடுக்கு (எல்லாக் கருவியும் படிக்கிற பொது எழுத்துமுறை) மாத்தும்போது முழுப் பக்கத்தையும் எழுத்துரு மாற்றிக்குள்ள தள்ளாதீங்க. இங்கிலீஷ்ல இருக்குற சட்டப்பேர், மின்னஞ்சல் முகவரி எல்லாம் தமிழ்க் குப்பையாயிரும். பழைய எச்டிஎம்எல்ல (பக்கத்தோட மூலக் குறியீடு) பாமினி வரி பெரும்பாலும் எழுத்துருவைச் சொல்ற ஃபான்ட் டேகுக்குள்ளதான் இருக்கும். அதுக்குள்ள உள்ளதை மட்டும் மாத்துற மாதிரி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் (நிரல்) எழுதுங்க. இன்னொரு பொறி ‘ஈ’. பாமினியில அது இடப்பக்கம் பாக்குற கோண அடைப்புக்குறி. எச்டிஎம்எல்ல அந்தக் குறி ‘ஆம்பர்சண்டு, எல், டி, அரைப்புள்ளி’னு மறைஞ்சு கிடக்கும். அதை முதல்ல அவிழ்க்காம மாத்தினா ‘ஈமச்சடங்கு உதவி’யோட முதல் எழுத்து சிதைஞ்சு போகும். மாத்தி முடிச்சதும் இந்தச் சொல்லைத் தேடிப் பாருங்க, மாற்றி சரியா வேலை செஞ்சுதான்னு உடனே தெரிஞ்சுரும்.

ஸ்கேன் பிடிஎஃபை கூகுள் டிரைவ்ல போட்டு டாக்ஸ்ல திறந்தா தமிழ் எழுத்து கிடைக்கும். பிழை இருக்கும், தொகை, தேதி, அரசாணை எண் மூணையும் ஒரு ஆள் மூலத்தோட ஒப்பிட்டே ஆகணும்.

வேர்ட்பிரஸ் போதும். ஆனா பக்க முகவரியைத் தமிழ்ல விடாதீங்க. முகவரிக்கு 200 குறிதான் இடம். ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது இடம் எடுக்கும், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. ‘பீடித்தொழிலாளர் கல்வி உதவித்தொகை’னு தலைப்பு வச்சா முகவரி ‘பீடித்தொழிலாளர்-கல்வி-உத’ன்னு அறுந்து நிக்கும். வாட்ஸ்அப்ல அனுப்பினா சதவீதக் குறியா அரைப் பக்கம் ஓடும், பாக்குறவங்க வைரஸ்னு பயந்து தொடமாட்டாங்க. முகவரி மட்டும் சின்னதா இங்கிலீஷ் எழுத்துல இருக்கட்டும். பழைய முகவரி ஒவ்வொண்ணுக்கும் 301 திருப்பம் (புது முகவரிக்குத் தானா அனுப்புறது) போடணும்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், 400, 700 ரெண்டு கனம் போதும். வரி உயரம் 1.7. எழுத்து இடைவெளி சுழியம்.

முக்கூடல்_இலை:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. ஸ்கிரிப்ட் எழுதிக்கிடலாம். நன்கொடை பத்தி யாராவது சொல்லுங்க. க்யூஆர் கோடு ஒண்ணு மாட்டிவிட்டா போதும்னு பொருளாளர் சொல்லுதாங்க.

கணக்கு_நோட்டு:

போதாது. தளத்தைப் பாக்குறது கைப்பேசியில. திரையில இருக்குற க்யூஆரை அதே போனை வச்சு எப்படி ஸ்கேன் பண்ணுவாங்க? யுபிஐ முகவரியை நகலெடுக்குற மாதிரி எழுத்தா கொடுங்க, பக்கத்துலயே யுபிஐ செயலியைத் திறக்குற பட்டனும் வையுங்க. அதுக்கு முன்னாடி ஒரு படிவம்: முழுப்பெயர், முகவரி, பான் அல்லது ஆதார் மாதிரி ஒரு அடையாள எண். இது மூணும் இல்லாம வந்த பணத்தை வருமான வரித்துறைக்குக் கொடுக்குற நன்கொடையாளர் பட்டியல்ல ஏத்தமுடியாது, அவருக்கு 80ஜி சான்றிதழும் வராது. 2000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா வரிச்சலுகை இல்லைங்கிறதையும் அங்கேயே எழுதிருங்க.

வெளிநாட்டு விஷயத்துல கவனம். எஃப்சிஆர்ஏ பதிவோ முன்அனுமதியோ இல்லாம வெளிநாட்டுப் பணம் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. ஆனா இந்தியக் குடிமகனா இருக்குறவர் துபாயில இருந்தாலும் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியா அனுப்புறது வெளிநாட்டு நன்கொடையில சேராது. சிங்கப்பூர், மலேசியா குடியுரிமை வாங்கினவர் அனுப்புனா சேரும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்குறது) இருந்தாலும் அதே கதைதான். அதனால பேமென்ட் கேட்வேயில (இணையத்துல பணம் வாங்கிக் கொடுக்குற சேவை) வெளிநாட்டு அட்டைகளை அடைச்சு வையுங்க. வளைகுடாக்காரங்களுக்குத் தனிப் பக்கம்: இந்தியப் பாஸ்போர்ட் நகல் வாங்கிட்டு வங்கி விவரம் கொடுக்குறது. கேட்வே கணக்கு திறக்க விதிமுறை, தனியுரிமை, பணம் திருப்புதல், தொடர்புன்னு நாலு பக்கம் தயாரா இருக்கணும்; இல்லேன்னா விண்ணப்பம் அங்கேயே நிக்கும்.

கடையத்து_அக்கா:

எல்லாரும் இயந்திரத்தைப் பத்திப் பேசியாச்சு, ஆளுகளைப் பத்திப் பேசுவோம்.

ஓடுற படம் வேண்டாம்னு குழுகிட்ட உறுதியா சொல்லுங்க. ரெண்டாவது படம் வர்றதுக்குள்ள கீழே இறங்கிருவாங்க, டேட்டா மட்டும் போகும். முதல் திரையில அந்தப் பெண்கள் ஆபீசுக்கு வந்து கேக்குற கேள்விதான் இருக்கணும்: பி.எஃப் பணம் எப்படி எடுக்க, பிள்ளைக்கு உதவித்தொகை எப்போ, பாஸ்புக் தரமாட்டேங்குறாங்க என்ன செய்ய. ஒவ்வொண்ணும் ஒரு பக்கம். மேலேயே என்னென்ன காகிதம் வேணும், கடைசியா திருத்தின தேதி. நன்கொடையாளருக்கு மேல்மூலையில ஒரு பட்டன் போதும். இங்கிலீஷ்ல எல்லாத்தையும் மொழிபெயர்க்க வேண்டாம். அமைப்பு பத்தி, ஆண்டறிக்கை, நன்கொடை இந்த மூணும் இருந்தா சரி.

படங்களைப் பத்தி எனக்குக் கவலை உண்டு. ஒப்பந்தக்காரர் மேல புகார் சொன்ன பெண் வீட்டுத் திண்ணையில பீடித் தட்டோட உக்காந்திருக்குற படத்தைப் போட்டா, யாருன்னு ஊருக்கே தெரியும், அடுத்த வாரம் அவங்களுக்கு ஒப்பந்தக்காரர் கொடுக்குற பீடி இலை குறைச்சு வரும். முகம் வேண்டாம், கையும் தட்டும் போதும். போன் படத்துக்குள்ள இடக்குறிப்பு பதிஞ்சிருக்கும். வேர்ட்பிரஸ் சின்னப் படங்களைச் செஞ்சாலும் மூலப்படம் அப்படியே சர்வர்ல கிடக்கும், அதனால ஏத்துறதுக்கு முன்னாடியே அந்த இடக்குறிப்பை அழிச்சுருங்க. படம் 1200 பிக்சல் அகலம், வெப்பி (WebP) வடிவம், 150 கேபிக்குள்ள இருக்கட்டும். பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகள் படம்னா பெத்தவங்க கையெழுத்து வாங்கிக் கோப்புல வையுங்க. புகார்ப் படிவத்துல பேர் கட்டாயம்னு போடாதீங்க.

தளம் கட்டுறப்போ தேடுபொறி வரவேண்டாம்னு வேர்ட்பிரஸ்ல ஒரு டிக் போடுவோம்ல, வாசிப்பு அமைப்புகளுக்குள்ள. திறக்குற அன்னைக்கு அதை எடுத்துட்டு, தளவரைபடத்தை (பக்கங்களோட பட்டியல்) கூகுளோட சர்ச் கன்சோல்ல கொடுங்க.