ஐந்தாண்டு ஒருங்கிணைந்த வேதியியல்: மிச்சமாகும் அந்த ஓராண்டு எங்கே?

பழைய பியூரெட்:
நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்று அச்சிட்ட துண்டறிக்கையை என் பேத்தி இன்று காலை கொண்டுவந்து காட்டினாள். "பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. வேதியியலில் சேருங்கள்! இளநிலையும் முதுநிலையும் ஒரே மூச்சில்! ஓராண்டு மிச்சம்!" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். முப்பத்தொரு ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன் என்ற முறையில் கேட்கிறேன்: எந்த ஓராண்டு? பி.எஸ்சி. மூன்று ஆண்டு, எம்.எஸ்சி. இரண்டு ஆண்டு, கூட்டினால் ஐந்து. ஒருங்கிணைந்த படிப்பும் ஐந்து. நெற்றியில் 'விரைவு' என்று எழுதிக்கொண்டு எல்லா நிறுத்தத்திலும் நின்று போகும் பேருந்தை நாம் பார்த்திருக்கிறோம். இப்போது அதைப் படிப்புக்கும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். இந்தக் கழித்தலை யாராவது எனக்குச் செய்து காட்டுங்கள்.

திருவாரூர்க்காரி:
வணக்கம் ஐயா. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த வேதியியல் படித்து முடித்தவள் நான். துண்டறிக்கைக்காரரின் கணக்கு எனக்குத் தெரியாது. என் கணக்கைச் சொல்கிறேன். பள்ளி முடிந்தபோது ஒரே ஒரு நுழைவுத் தேர்வு எழுதினேன், அதன்பின் ஐந்தாண்டுக்கு வேறு எந்த வாசலிலும் நிற்கவில்லை. என்னோடு பள்ளியில் படித்துப் பி.எஸ்சி.யில் சேர்ந்த தோழிகள் மூன்றாம் ஆண்டு முழுவதும் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் (JAM) என்னும் நுழைவுத் தேர்வுக்குப் படித்தார்கள். இருவருக்கு இடம் கிடைக்காமல் ஓராண்டு வீட்டிலிருந்து மீண்டும் எழுதினார்கள். அவர்களுக்கு ஆறு ஆண்டு, எனக்கு ஐந்து. மிச்சம் என்பது இதுதான்.

பழைய பியூரெட்:
தேர்வில் தவறியவர் வீட்டிலிருந்த ஓராண்டைத் தேறியவரின் சேமிப்பாக எழுதும் கணக்கை இப்போதுதான் பார்க்கிறேன், மகளே. அப்படியானால் ஐந்தாண்டுப் படிப்பு நடத்தும் ஐசர் (இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம்) நுழைவுத் தேர்வுக்காகப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஓராண்டு பயிற்சி மையத்தில் அடைந்து கிடக்கும் பிள்ளைகளின் ஆண்டை எந்தப் பக்கத்தில் எழுதுவது? அவர்களுக்கும் ஒருங்கிணைந்த படிப்பு ஆறு ஆண்டுதானே? 3+2=5. இது அப்படியேதான் இருக்கிறது.

மதுரை மூலக்கூறு:
ஜாம் தேர்வை இரண்டு முறை எழுதியவன் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. மூன்று மணி நேரம், அறுபது வினா, நூறு மதிப்பெண். அதற்காக நான் இழந்தது ஓராண்டு. அது போகட்டும். எம்.எஸ்சி. முதல் பருவத்தில் போய் உட்கார்ந்தால் படிகப்புலக் கோட்பாட்டை மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்கள், வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை மூன்றாவது முறையாக நடத்தினார்கள். பல கல்லூரிகளிலிருந்து பல பாடத்திட்டங்களைப் படித்துவிட்டு வருகிறவர்களை ஒரே நிலைக்குக் கொண்டுவர வேறு வழியில்லை என்று காரணமும் சொன்னார்கள். ஒருங்கிணைந்த படிப்பில் அந்தத் திரும்பச் சொல்லல் இல்லை. ஆண்டு மிச்சமாகாவிட்டாலும் ஒரு பருவமாவது மிச்சமாகிறது.

பழைய பியூரெட்:
ஓராண்டு ஒரு பருவமாகச் சுருங்கிவிட்டதை மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்கிறேன். இரண்டாம் விதியை மூன்று முறை கேட்டும் புரியாதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன் என்பதையும் மூலக்கூறு தம்பி குறித்துக்கொள்ளட்டும்.

மதுரை மூலக்கூறு:
சென்ற ஆண்டு இதே இடத்தில் அவகாட்ரோ எண்ணை 10-இன் அடுக்கு 22 என்று எழுதிவிட்டு, தட்டச்சுப் பிழை என்று மூன்று நாள் வாதாடியவர் இன்று எனக்கு இரண்டாம் விதியைப் பற்றி நினைவூட்டுகிறார். நன்றி ஐயா.

பழைய பியூரெட்:
அது தட்டச்சுப் பிழைதான். அடுத்த வரியிலேயே 23 என்று சரியாக எழுதியிருந்தேன், தேடிப் பாருங்கள்.

கடல்கடந்தவன்:
இங்கே எல்லாரும் இந்தியாவை மட்டுமே உலகமாக நினைத்துப் பேசுகிறீர்கள். அமெரிக்காவில் இளநிலை நான்கு ஆண்டு, ஏறத்தாழ 120 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு). முதுநிலைக்கு ஏறத்தாழ 30 கிரெடிட், வழக்கமாக இரண்டு ஆண்டு. இணைந்த விரைவுப் படிப்பில் மாணவர் நான்காம் ஆண்டிலேயே முதுநிலைப் பாடங்கள் சிலவற்றை எடுத்துக்கொள்கிறார். அவற்றில் 9 அல்லது 12 கிரெடிட்டை இரண்டு பட்டங்களுக்கும் சேர்த்துக் கணக்கிடப் பல பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன. ஆகவே ஆறு ஆண்டு ஐந்தாகிறது; உண்மையிலேயே ஓராண்டு மிச்சம். துண்டறிக்கைக்காரர் அதைப் படித்துவிட்டு இங்கே மொழிபெயர்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பழைய பியூரெட்:
கடல்கடந்தவர் கேட்காமலேயே எனக்குச் சாட்சி சொல்லியிருக்கிறார். அங்கே 4+2 ஆறு என்பதால் ஐந்தாகக் குறைக்க இடமிருக்கிறது. இங்கே 3+2 ஏற்கெனவே ஐந்து, குறைக்க எதுவுமில்லை. இங்கிலாந்தில் பி.எஸ்சி. மூன்று, எம்.எஸ்சி. ஒன்று, ஆக நான்கு. இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த அவர்களுடைய எம்.கெம். என்னும் வேதியியல் படிப்பும் நான்கு. அவர்கள் யாரும் அதை விரைவுப் படிப்பு என்று கூவி விற்கவில்லை. இன்னொன்றையும் கேட்கிறேன். அமெரிக்காவில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற விரும்புகிறவர் இளநிலையிலிருந்து நேராக அந்த ஆய்வுக்கே சேர்ந்து உதவித்தொகையும் பெறுகிறார். அப்படியிருக்க, இடையில் கைக்காசு செலவழித்து ஒரு முதுநிலைப் பட்டத்தை வேகமாக வாங்குவதில் அவருக்கு என்ன மிச்சம்? ஆண்டா, பணமா?

கடல்கடந்தவன்:
முனைவர் பட்டம் எல்லாருக்கும் வேண்டியதில்லை. மருந்து நிறுவன ஆய்வகத்தில் வேலைக்குப் போகிறவருக்கு அந்த முதுநிலைப் பட்டம் பயன்படுகிறது. நீங்கள் எதையும் ஒப்புக்கொள்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டுத்தான் இங்கே வருகிறீர்கள்.

யாழ் வளவன்:
இலங்கையில் பொதுப் பட்டம் மூன்று ஆண்டு, சிறப்புப் பட்டம் நான்கு ஆண்டு என்பது நெடுங்கால வழக்கம். நாங்கள் இரசாயனவியல் சிறப்புப் பட்டத்தின் நான்காம் ஆண்டில் ஆய்வும் செய்தோம். அதை யாரும் விரைவு என்றும் சொல்லவில்லை, ஒருங்கிணைந்தது என்றும் சொல்லவில்லை. பெயரில்தான் உங்களுக்குச் சண்டை போலும்.

மதுரை மூலக்கூறு:
வேதியியல் என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கும்போது இரசாயனவியல் எதற்கு?

யாழ் வளவன்:
எங்கள் பாடநூல்களில் உள்ள சொல்லை நான் எழுதினேன். கிரெடிட், ஜாம் என்றெல்லாம் இங்கே தாராளமாக எழுதும்போது வராத தமிழுணர்வு என் சொல்லைக் கண்டதும் வருவது வியப்பாக இருக்கிறது.

பழைய பியூரெட்:
சொல்லாராய்ச்சியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். 2024 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்த விரைவுப் பட்டத் திட்டத்தை இங்கே ஒருவராவது படித்தீர்களா? அதன்படி மூன்றாண்டு இளநிலைப் படிப்பை ஐந்து பருவங்களிலேயே முடிக்கலாம். முதல் பருவத்துக்கோ இரண்டாம் பருவத்துக்கோ பின் வரும் பருவங்களில் கூடுதல் கிரெடிட் எடுத்துக் காலத்தைச் சுருக்க வேண்டும், மொத்த இடங்களில் பத்து விழுக்காட்டினருக்குத்தான் அந்த வாய்ப்பு. அப்படியானால் இந்த நாட்டில் உண்மையாகவே விரைவான வழி நீங்கள் ஏளனம் செய்யும் 3+2 வழிதான்: இரண்டரை, அதோடு இரண்டு, ஆக நாலரை ஆண்டு. உங்கள் ஒருங்கிணைந்த படிப்பு அரையாண்டு பின்தங்கிவிட்டது.

திருவாரூர்க்காரி:
ஐயா, ஐந்தாம் பருவம் கார்த்திகையிலோ மார்கழியிலோ முடியும். எம்.எஸ்சி. சேர்க்கை ஆடி, ஆவணியில். இடைப்பட்ட அரையாண்டில் அந்த மாணவர் என்ன செய்வார்? வீட்டில் உட்கார்ந்து உங்கள் கூட்டலைச் சரிபார்ப்பாரா?

மதுரை மூலக்கூறு:
நெற்றியடி.

பழைய பியூரெட்:
வீட்டில் இருந்தாலும் அவர் பட்டதாரியாக இருப்பார், வேலைக்கு விண்ணப்பிக்கலாம். ஒருங்கிணைந்த படிப்பில் இருப்பவர் அப்போது என்னவாக இருப்பார்? மாணவர். அவ்வளவுதான். ஐசரை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-இல் புனேயிலும் கொல்கத்தாவிலும் தொடங்கி இப்போது ஏழு இடங்களில் நடக்கும் அந்த நிறுவனங்களின் தரத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே இளநிலை-முதுநிலை இரட்டைப் பட்டத்துக்குச் சேர்கிறவர் தொடக்கத்தில் உயிரியல், இயற்பியல், கணிதம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் படிக்கிறார். வேதியியலை முதன்மைப் பாடமாக எடுப்பது அதன்பின். ஐந்தாம் ஆண்டு ஆய்வேட்டுக்குப் போகிறது. நடுவில் எஞ்சும் வகுப்பறை வேதியியலை எண்ணிப் பாருங்கள். என் மாணவர்கள் முதல் பருவத்திலேயே உப்புப் பகுப்பாய்வு செய்து கையைச் சுட்டுக்கொண்டவர்கள்.

திருவாரூர்க்காரி:
உங்கள் மாணவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளில் பகுதி ஒன்றில் தமிழும் பகுதி இரண்டில் ஆங்கிலமும், துணைப் பாடமாகக் கணிதமோ விலங்கியலோ படித்ததைக் கழிக்க மறந்துவிட்டீர்கள் ஐயா. கழித்தல் உங்களுக்குப் பிடித்த கணக்கு என்று நினைத்தேன். நீங்கள் வீண் என்பதுபோல் சொல்லும் ஆய்வேட்டு ஆண்டுதான் முனைவர் ஆய்வுக்குப் போகிறவருக்கு உயிர். 3+2 படித்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆய்வுத் திட்டம் கடைசிப் பருவத்தில் சில மாதங்கள்தான். வினைப்பொருளைத் தூய்மைப்படுத்தி, அதன் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். நிறமாலை எடுப்பதற்குள் வாய்மொழித் தேர்வு வந்துவிடும். ஓராண்டு முழுக்க ஒரே வினையோடு மல்லுக்கட்டித் தோற்றுப் பார்த்தவருக்கும் அவருக்கும் வேறுபாடு இருக்கிறது.

பழைய பியூரெட்:
தமிழ் படித்ததைக் கழிக்கச் சொல்கிறீர்களா? இதை எழுதிய மொழி எது மகளே? சரி, நோபலுக்கு வருவோம். சிதம்பரத்தில் பிறந்து 2009-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன் எந்த ஒருங்கிணைந்த படிப்பில் படித்தார்? 1971-இல் பரோடாவில் பி.எஸ்சி. முடித்து நேராக அமெரிக்கா போனார், 1976-இல் ஓஹாயோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

மதுரை மூலக்கூறு:
அவர் பி.எஸ்சி. படித்தது இயற்பியல், முனைவர் பட்டமும் இயற்பியல். எம்.எஸ்சி. படிக்கவேயில்லை. ஆகவே உங்கள் எடுத்துக்காட்டின்படி 3+2-இல் அந்த இரண்டும் தேவையில்லை, வேதியியலும் தேவையில்லை. வாதத்துக்கு நன்றி.

பழைய பியூரெட்:
நான் சொல்ல வந்தது மூன்றாண்டு இளநிலைப் பட்டம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை. புரிந்துகொள்ள மறுக்கிறவர்களுக்கு நான் வகுப்பெடுப்பதில்லை. அரசு வேலைக்குப் போனால் தெரியும். என் நண்பரின் மகன் ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஓர் அலுவலகத்தில் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போனான். "எம்.எஸ்சி. இருக்கிறது, பி.எஸ்சி. சான்றிதழ் எங்கே?" என்று கேட்டு அவனைத் திருப்பி அனுப்பினார்கள். ஒரே பட்டம்தான் கொடுத்தார்கள் என்று பல்கலைக்கழகத்திடம் கடிதம் வாங்கி வர அவனுக்கு ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதத்தை எந்த மிச்சத்தில் சேர்ப்பது?

திருவாரூர்க்காரி:
அது அந்த அலுவலகத்தின் அறியாமை, படிப்பின் குறை அல்ல. தேறியவரின் சேமிப்பில் பிறருடைய ஆண்டை எழுதக்கூடாது என்று என்னிடம் சொன்னீர்கள். இப்போது அலுவலகத்தின் ஏழு மாதத்தை என் படிப்பின் கடனாக எழுதுகிறீர்கள்.

ஒரு தாய்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகள் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள், வேதியியல்தான் வேண்டும் என்கிறாள். ஊரிலேயே உள்ள கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ப்பதா, ஐந்தாண்டுப் படிப்புக்கு வெளியூர் அனுப்புவதா என்று வீட்டில் குழப்பம். மூன்றாம் ஆண்டு முடிந்ததும் அவளுக்குத் தொடர விருப்பமில்லை என்றால் பி.எஸ்சி. பட்டத்தோடு வெளியே வர முடியுமா? அறிவியல் மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் உதவித்தொகை ஐந்தாண்டுப் படிப்புக்கு மட்டும்தானா?

திருவாரூர்க்காரி:
அம்மா, மூன்றாண்டு முடிவில் வெளியேறும் வாய்ப்பு சில பல்கலைக்கழகங்களில் உண்டு, சிலவற்றில் இல்லை. சேரும் முன் அந்தப் படிப்பின் விதிமுறையில் இந்த ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள். இன்ஸ்பயர் இரண்டு வழிக்கும் பொது, ஆண்டுக்கு 80,000 ரூபாய். அடிப்படை அறிவியல் படித்தால் போதும், அவர்கள் கேட்கும் தகுதியும் இருக்க வேண்டும்.

பழைய பியூரெட்:
இரண்டு வழிக்கும் உதவித்தொகை பொது என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். ஆகப் பணத்திலும் மிச்சமில்லை. ஆண்டுக்கு 40 கிரெடிட் என்பது இப்போதைய தேசியச் சட்டகம். மூன்றாண்டுக்கு 120, முதுநிலை இரண்டாண்டுக்கு 80, ஆக 200. நான்காண்டு இளநிலைக்கு 160, அதன்மேல் ஓராண்டு முதுநிலைக்கு 40, அதுவும் 200. ஐந்தாண்டை நாற்பதால் பெருக்கினாலும் 200. எந்தப் பக்கம் கூட்டினாலும் ஒரே விடை வரும் கணக்கில் ஓராண்டைக் கண்டுபிடித்தவருக்கு அந்த நோபலையே கொடுக்கலாம்.

கடல்கடந்தவன்:
அமெரிக்காவில் ஒரே பாடத்தை இரண்டு பட்டத்துக்கும் கணக்கிடுகிறார்கள் என்று முன்பே சொன்னேன். அதைப் பற்றி இதுவரை ஒருவரும் பேசவில்லை.

பழைய பியூரெட்:
ஒரே சோதனைக் குழாயை இரண்டு மாணவர்கள் காட்டி மதிப்பெண் வாங்கினால் எங்கள் ஆய்வகத்தில் அதற்கு வேறு பெயர். அம்மா, உங்கள் மகளைத் துண்டறிக்கையை நம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். மூலக்கூறு தம்பி, அந்த 10-இன் அடுக்கு 22 பக்கத்தின் இணைப்பைக் கொடுங்கள். அடுத்த வரியை நானே காட்டுகிறேன்.