வைட்னர் கோட்டை நம்பி டைமிங் பெல்ட் மாட்டலாமா?

மஞ்சக்குப்பம் ஸ்பேனர்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 2006 மாடல் சான்ட்ரோ ஜிங்குக்கு வீட்டு வாசலிலேயே டைமிங் பெல்ட் (பிஸ்டனோடு சேர்ந்து சுழலும் கிராங்கையும் வால்வைத் திறக்கும் கேமையும் இணைக்கும் பல் பெல்ட்) மாற்றினாராம். பழைய பெல்ட்டிலும் கேம், கிராங்க் ஸ்ப்ராக்கெட்டுகளிலும் (பல் சக்கரங்கள்) வைட்னரால் கோடு போட்டு, பல் எண்ணி அந்தக் கோட்டைப் புது பெல்ட்டில் இறக்கி, அப்படியே மாட்டினால் போதுமாம். "டிடிசி பார்ப்பது, குறி சேர்ப்பது எல்லாம் மெக்கானிக் காசு பிடுங்கச் சொல்லும் கதை" என்று வேறு முடித்திருக்கிறார். டிடிசி என்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை, குறி என்றால் கம்பெனியே வெட்டிய அடையாளம்.

வீட்டில் மாற்றுவதை நான் தப்பு சொல்லவே இல்லை. தாராளமாக மாற்றுங்கள். ஆனால் வைட்னர் கோடு என்றால் என்ன? பழைய பெல்ட் எப்படி நின்றதோ அதைப் பார்த்து காப்பி அடிப்பது. பழைய பெல்ட்டே ஒரு பல் தாண்டி ஓடிக்கொண்டிருந்தால் அந்தத் தப்பும் சேர்ந்துதான் வரும். கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் 20 பல் என்று வைத்துக்கொண்டால் ஒரு பல் என்பது 18 டிகிரி. சின்ன விஷயமா? இந்த வண்டியில் பெல்ட் அறுந்தாலோ நாலைந்து பல் தாண்டினாலோ வால்வு போய் பிஸ்டனில் இடிக்கும். என்ஜின் ஹெட்டையே இறக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு நாளைக்கு ஒரு பையன் வைட்னர் பாட்டிலோடு உட்காருவான். அதுதான் என் கவலை.

லாஸ்பேட்டை சான்ட்ரோ:
"ஒருவர்" என்று ஏன் சார் சுற்றி வளைக்கிறீர்கள், நான்தான் எழுதினேன் என்று சொல்லலாமே. ஒரு பல் தப்பிய வண்டி எப்படி ஓடும் என்று எனக்கும் தெரியும். இழுவை இருக்காது, ஐட்லிங் ஆடும். என் வண்டி ஏசி போட்டுக்கொண்டே கோரிமேடு ஏறுகிறது. நன்றாக ஓடிய வண்டி எப்படி இருந்ததோ அப்படியே வைத்தேன். இதில் என்ன கெட்டுவிட்டது?

கம்பெனி குறி என்று குதிக்கிறீர்களே, அது மட்டும் யோக்கியமா? நிறைய வண்டிகளில் கிராங்க் புல்லி இரண்டு துண்டு, நடுவில் ரப்பர். பழைய வண்டியில் ரப்பர் நழுவினால் வெளி வளையத்தில் உள்ள குறி எங்கேயோ போய் நிற்கும். அதை நம்பி வைப்பதற்கு என் வைட்னர் எவ்வளவோ மேல்.

மஞ்சக்குப்பம் ஸ்பேனர்:
வெளிப் புல்லியைப் பார்த்து யார் பெல்ட் மாட்டுவார்கள் தம்பி? பெல்ட்டை எடுக்கவே அந்தப் புல்லியைக் கழற்றித்தானே ஆக வேண்டும். கழற்றியதும் உள்ளே கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு குறி, எதிரே என்ஜின் முகப்பில் ஒரு குறி. இரும்பில் வெட்டியது. அது நழுவாது, அழியாது. உங்கள் வைட்னர் ஆயில் கை பட்டாலே போய்விடும்.

ஓ.டி. எஸ்டீம்:
ஸ்பேனர் அண்ணன் சொல்வதுதான் சரி. 2024 ஃபெஞ்சல் புயலில் தென்பெண்ணை கரை தாண்டியபோது என் எஸ்டீம் மாமனார் வீட்டு வாசலில் தண்ணீரில் நின்றது. அப்புறம் பெல்ட் கவரைக் கழற்றினால் ஸ்ப்ராக்கெட் பல் இடுக்கெல்லாம் வண்டல் காய்ந்து ஒட்டியிருந்தது. பெல்ட்டை லேசாக வளைத்துப் பார்த்தால் ஒவ்வொரு பல்லின் அடியிலும் முடி மாதிரி வெடிப்பு, முதுகுப் பக்கம் கண்ணாடி போலப் பளபளப்பு. அந்தப் பெல்ட் ஒழுங்காகத்தான் நின்றது என்று யாரை நம்பிக் கோடு போடுவது? எல்லாவற்றையும் துடைத்து, குறி பார்த்துத்தான் மாட்டினோம்.

லாஸ்பேட்டை சான்ட்ரோ:
வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கும் என் வண்டிக்கும் என்ன சம்பந்தம்? நான் பேசுவது நன்றாக ஓடுகிற வண்டியைப் பற்றி. நன்றாக ஓடுகிற வண்டி. மறுபடியும் சொல்கிறேன், நன்றாக ஓடுகிற வண்டி.

வில்லியனூர் இண்டிகா:
இரண்டு பேரும் பெட்ரோல் வண்டியை வைத்துக்கொண்டு இந்த ஆட்டம் ஆடுகிறீர்கள். என் இண்டிகா டீசல். அதே பெல்ட்தான் டீசல் பம்பையும் சுற்றுகிறது, கேமோடு பம்ப் டைமிங்கும் சேர வேண்டும். நான் வைட்னரும் போட்டேன், குறியும் பார்த்தேன். மாட்டிய பிறகு கிராங்கை ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தேன். எங்கேயும் தட்டவில்லை. அதுதான் முக்கியம், மற்றதெல்லாம் வாய்ப்பேச்சு.

மஞ்சக்குப்பம் ஸ்பேனர்:
இரண்டு சுற்று சுற்றினீர்கள், சரி. சுற்றிவிட்டு எதைப் பார்த்தீர்கள்? கிராங்க் இரண்டு சுற்று போனால் கேம் ஒரு சுற்று, ஸ்ப்ராக்கெட் குறி எல்லாம் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். பெல்ட்டில் போட்ட வைட்னர் கோடு வருமா? வராது. பெல்ட் நீளம் வேறு, அது எங்கேயோ நகர்ந்து போயிருக்கும். கடைசியில் சரிபார்க்கவே உதவாத ஒன்றை "அது போதும்" என்று எழுதுவது அநியாயம் என்கிறேன். தட்டவில்லை என்பதும் சாட்சி ஆகாது. ஒரு பல் தப்பினாலும் பல வண்டிகளில் தட்டாமலே சுற்றும்.

லாஸ்பேட்டை சான்ட்ரோ:
நான் என்ஜின் முகப்பிலும் சேர்த்துத்தான் வைட்னர் போட்டேன். ஸ்ப்ராக்கெட்டுக்கும் முகப்புக்கும் நேராக ஒரே கோடு. சுற்றினேன், நேராக வந்தது. இப்போது என்ன சொல்வீர்கள்?

மஞ்சக்குப்பம் ஸ்பேனர்:
அதுவும் பழைய நிலையின் காப்பிதான் என்று சொல்வேன். பக்கத்திலேயே கம்பெனி வெட்டிய குறி இருக்கும்போது அதைப் பார்க்க மாட்டேன், நான் கிழித்த கோட்டைத்தான் பார்ப்பேன் என்று ஏன் இந்தப் பிடிவாதம்?

இன்னொன்று. நீங்கள் போட்ட படத்தில் முன்பக்கம் ஜாக்கி, பக்கத்தில் ஹாலோ பிளாக். அதை நம்பி வண்டிக்குக் கீழே கை விட்டிருக்கிறீர்கள். ஹாலோ பிளாக் சொல்லிக்கொண்டு உடையாது, ஒரே நொடியில் நொறுங்கும். ஸ்டாண்டு வாங்குங்கள்.

நெல்லிக்குப்பம்காரன்:
அண்ணே, குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். எனக்குக் கிராங்க் புல்லி போல்ட்டே கழலவில்லை. போல்ட்டில் பாரை மாட்டிவிட்டு ஸ்டார்ட்டரை ஒரு தட்டு தட்டினால் கழலும் என்கிறார்கள். செய்யலாமா?

லாஸ்பேட்டை சான்ட்ரோ:
ஹாலோ பிளாக் பற்றிப் பேசத்தான் இந்தத் திரி ஆரம்பித்தீர்களா? பதில் இல்லாதபோது படத்தில் குறை தேடுவது உங்கள் கடலூர் வழக்கம் போல.

ஓ.டி. எஸ்டீம்:
ஊரை ஏன் இழுக்கிறீர்கள்? டேக்ஸ் மிச்சம் பிடிக்க புதுச்சேரி பிஒய் நம்பர், பெட்ரோல் மிச்சம், இப்போது டிடிசி பார்ப்பதிலும் மிச்சமா?

வில்லியனூர் இண்டிகா:
ஹலோ, நாங்கள் புதுச்சேரிக்காரர்கள், எங்கள் வண்டிக்குப் பிஒய் நம்பர் இல்லாமல் என்ன நம்பர் இருக்கும்? கடலூரில் குடியிருந்துகொண்டு புதுச்சேரி முகவரியில் வண்டி எடுப்பவர்களைப் போய்க் கேளுங்கள். விலை குறைவு என்று பெட்ரோல் போட எங்கள் எல்லை முள்ளோடை வரைக்கும் வந்து வரிசையில் நிற்பது யார்?

மஞ்சக்குப்பம் ஸ்பேனர்:
நம்பர் பிளேட் பேச்சு வேண்டாம்.

நெல்லிக்குப்பம் தம்பி, ஸ்டார்ட்டர் வேலை வேண்டவே வேண்டாம். பார் நழுவினால் கை போகும். 5வது கியரில் போட்டு, ஒரு ஆளை பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொல்லி, நீளமான பாரில் ஒரே சீராக இழுங்கள். உப்புக்காற்றில் நின்ற வண்டி என்றால் முதல் நாளே துரு எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். கழன்ற பிறகு பிளக்கை எல்லாம் எடுத்துவிட்டால் கிராங்க் லேசாகச் சுற்றும். என்ஜின் எந்தப் பக்கம் ஓடுமோ அந்தப் பக்கம் மட்டும் சுற்றுங்கள். என்ஜினைத் தாங்கும் மவுண்டைக் கழற்றும் முன் சம்ப்புக்கு (என்ஜின் அடியில் உள்ள ஆயில் தட்டு) அடியில் பலகை வைத்து ஜாக்கி கொடுங்கள். புது பெல்ட்டை மடிக்காதீர்கள், ஆயில் கையோடு தொடாதீர்கள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றுங்கள், பழைய பேரிங் சிக்கினால் புது பெல்ட்டும் போகும். பெல்ட்டை எடுத்ததும் வால்வு ஸ்பிரிங் தள்ளி கேம் தானே கொஞ்சம் திரும்பிவிடும், பயப்படாதீர்கள். குறிக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். குறிக்கு. வைட்னருக்கு இல்லை.

லாஸ்பேட்டை சான்ட்ரோ:
கேம் திரும்பும் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படித் திரும்பினால் எத்தனை பல் நகர்ந்தது என்று காட்டுவது என் வைட்னர்தான். போன வருஷம் கிளட்ச் கேபிள் திரியிலும் இப்படித்தான், நான் சொன்னதையே கடைசியில் உங்கள் வார்த்தையில் எழுதிப் பேர் வாங்கிக்கொண்டீர்கள்.

மஞ்சக்குப்பம் ஸ்பேனர்:
கிளட்ச் கேபிள் திரியில் நீங்கள் எழுதியது தப்பு. இன்றைக்கும் தப்புதான். அதை வேறு திரியில் பேசலாம், எனக்கு ஒன்றும் பயமில்லை.

இங்கே என் கேள்வி ஒன்றுதான். மேல் கவரைக் கழற்றுங்கள், முதல் சிலிண்டரை டிடிசியில் நிறுத்துங்கள், கேம் குறி நேராக நிற்கிறதா என்று ஒரு படம் போடுங்கள். அதிக நேரம் ஆகாது.

லாஸ்பேட்டை சான்ட்ரோ:
உங்களுக்காக என் வண்டிக் கவரை நான் ஏன் கழற்ற வேண்டும்? ஓடுகிறது.

மஞ்சக்குப்பம் ஸ்பேனர்:
ஓடுகிறது என்பது பதில் இல்லை. படம் போடுங்கள்.

லாஸ்பேட்டை சான்ட்ரோ:
முதலில் வைட்னர் வைத்து மாட்டி நாசமான ஒரு வண்டியை நீங்கள் காட்டுங்கள், அப்புறம் போடுகிறேன்.

வில்லியனூர் இண்டிகா:
பெட்ரோல் வரிசை பற்றிக் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.